கொஞ்சச் செலவில் எதை மாற்றினால் வாடகையைக் கூட்டிக் கேட்கலாம்?

மாடிவீடு கேட்டது:

ரெண்டு படுக்கையறை ஃப்ளாட், 750 சதுர அடி, கட்டி 15 வருஷம். இருக்கிறவங்க அடுத்த மாசக் கடைசியில காலி பண்றாங்க. அடுத்து வர்றவங்ககிட்ட 10 சதவீதம் கூட்டிக் கேட்கலாம்னு நினைக்கிறேன். செலவுக்கு ரெண்டு மாச வாடகை அளவு ஒதுக்கியிருக்கேன், அதுக்கு மேல முடியாது.

இப்போதைய நிலைமை: பெயின்ட் மங்கிப் போச்சு. ஒரு அறையில வெளிச்சுவர்ப் பக்கம் கீழே ஒண்ணரை அடி உயரத்துக்கு உப்பு பூத்து உதிருது. பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு கறுப்பு, சிங்க் ஓரத்து சிலிக்கானும் கறுப்பு. கிச்சன் அலமாரிகள் உறுதியா இருக்கு, கைப்பிடிதான் துருப்பிடிச்சிருக்கு. மேடைப் பக்கம் ஒரே ஒரு பிளக் பாயின்ட். பாத்ரூம்ல எக்ஸாஸ்ட் இல்ல. எதுல ஆரம்பிக்கலாம், எதைத் தொடவே கூடாது?

பேரேடு:

முதலில் கணக்கு. ரெண்டு மாத வாடகையைச் செலவழித்து 10 சதவீதம் கூட்டினால், போட்ட பணம் திரும்ப 20 மாதம் ஆகும். கூட்டிக் கேட்டதால் வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் இன்னொரு 10 மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 சதவீதம்தான் கூடுகிறது என்றால் இரண்டுமே இரட்டிப்பாகும். அதனால் ஒரு மாத வாடகைக்குள் முடிக்கப் பாருங்கள். மீதியைக் கையிருப்பாக வைத்திருந்தால், பேரம் படியாதபோது அவசரப்பட்டு இறங்கிவர வேண்டியிருக்காது.

இன்னொன்று. நீங்கள் எழுதியதில் பாதி பழுதுபார்ப்பு. உப்பு பூத்த சுவர், கறுத்த சிலிக்கான் இதெல்லாம் சரியாக இருந்தால்தான் இன்றைய வாடகையே நியாயம். அதைச் சரிசெய்தேன் என்று கூடுதல் கேட்க முடியாது. விட்டுவைத்தால் மட்டும் குறைத்துக் கேட்பார்கள். கூடுதல் கேட்கக் காரணமாக நிற்பவை மூன்றுதான்: உங்கள் பட்டியலில் உள்ள மேடை பிளக்குகள், எக்ஸாஸ்ட், நீங்கள் குறிப்பிடாத விளக்கு. அதே கட்டடத்தில் காலியாக இருக்கும் மற்ற வீடுகளில் இவை இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். உங்கள் உச்ச வாடகையை முடிவு செய்வது அந்த வீடுகள்தான்.

ஓதம்_ஸ்பெஷல்:

அந்த உப்புச் சுவரைத் தொடாம பெயின்ட் டப்பாவைத் திறக்காதீங்க. மேல பட்டி (சுவரைச் சமப்படுத்துற மாவு) பூசி அடிச்சா சில மாசத்துல பொரிஞ்சு விழும். பிவிசி பேனல் ஒட்டி மறைக்கலாம்னு யாராவது சொல்வாங்க. உள்ளே ஈரம் தேங்கி, பேனல் ஓரத்துல பூஞ்சை வாடை வரும். வீடு பார்க்க வர்றவங்க மூக்குதான் முதல்ல கண்டுபிடிக்கும்.

ஈரம் எங்கேயிருந்து வருதுன்னு பாருங்க. ஓர் அடிக்கு ஓர் அடி பிளாஸ்டிக் தாளை அந்த இடத்துல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி 48 மணி நேரம் விடுங்க. தாளுக்கு உள்பக்கம் நீர் முத்து கோத்திருந்தா சுவருக்குள்ள இருந்து வருது. அறையைப் பார்த்த பக்கம் நனைஞ்சிருந்தா காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்த சுவர்ல படியுது, அதுக்குக் காற்றோட்டம் போதும். சுவருக்குள்ள இருந்துன்னா வெளிப்பூச்சுல விரிசல், மழைக்குழாய் இணைப்பு, அந்தச் சுவருக்குப் பின்னால பாத்ரூம் இருக்கா, இந்த மூணையும் பாருங்க. மூலத்தை அடைச்ச பிறகு தளர்ந்த பூச்சைச் சுரண்டி, உப்பைக் காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுங்க. தண்ணி விட்டுக் கழுவினா உப்பு கரைஞ்சு திரும்பச் சுவருக்குள்ளயே போயிடும். நல்லா காய விட்டுத்தான் மறுபூச்சு.

பெயின்ட் அளவு: 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம்னா சுவர் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழிச்சா 380. லிட்டருக்கு ஒரு கோட் 110 சதுர அடின்னு வெச்சா, ரெண்டு கோட்டுக்கு 7 லிட்டர். எல்லா அறைக்கும் ஒரே வெளிர் நிறம், ஒரே பேட்ச் நம்பர். கடைசியில அரை லிட்டர் மிச்சம் பிடிச்சு, மூடி மேல நிற எண்ணை எழுதி வைங்க. அடுத்த தடவை கீறலுக்கு முழு அறையும் அடிக்க வேண்டியதில்ல. பட்டி ஒரு தடவைக்கு ஒண்ணரை மி.மீ.க்கு மேல தடிமனா போட்டா வெடிக்கும். தேய்ச்ச தூசியை ஈரத்துணியால துடைக்காம பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்தின அடிப்பூச்சு) அடிச்சா, பெயின்ட் தோல் மாதிரி உரிஞ்சு வரும்.

திருப்புளி:

வீடு பார்க்க வர்றவங்க கை எங்கெல்லாம் படுதுன்னு கவனிச்சுப் பாருங்க: கதவுப்பிடி, ஸ்விட்ச், குழாய், அலமாரி. இந்த நாலும் ஆடாம, ஒட்டாம இருந்தா வீடே புதுசாத் தெரியும்.

அலமாரிக் கைப்பிடி வாங்குறதுக்கு முன்னாடி, ரெண்டு திருகுத் துளைக்கும் நடுவுல மையத்துக்கு மையம் அளந்துக்கங்க. பெரும்பாலும் 96 இல்ல 128 மி.மீ. இருக்கும். அதே அளவு வாங்கினா புதுத் துளையே வேண்டாம். 18 மி.மீ. கதவுக்கு 25 மி.மீ. நீள எம்4 (4 மி.மீ. தடிமன்) திருகு சரியா வரும். நீளம் கூடினா திருகு அடிமுட்டி நின்னுடும், கைப்பிடி லொடலொடன்னு ஆடும். கதவு தொங்கினா உடனே கீல் மாத்தாதீங்க, அதுல இருக்கிற ரெண்டு சரிக்கட்டும் திருகைத் திருப்பிப் பாருங்க. திருகு பிடிக்காம சுத்துச்சுன்னா, துளைக்குள்ள தீக்குச்சியை மரப்பசை தடவித் திணிச்சு, காய்ஞ்சதும் திருகுங்க.

சிங்க் சிலிக்கான்ல நிறையப் பேர் பண்ற தப்பு, பழசு மேலயே புதுசைப் பூசுறது. பழைய சிலிக்கான்ல புதுசு ஒட்டாது, ஒரு மாசத்துல ஓரம் தூக்கும், அந்த இடுக்குல தண்ணி நின்னு மறுபடி கறுக்கும். பிளேடால மொத்தமா உரிச்சு, மிச்சத்தைச் சுரண்டி, ஸ்பிரிட் நனைச்ச துணியால துடைங்க. துணியில கறுப்பு வர்றது நிக்கிற வரைக்கும் துடைக்கணும். ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப், நடுவுல 6 மி.மீ. இடைவெளி. நாசிலைச் சாய்வா வெட்டி ஒரே இழுப்பா போட்டு, சோப்புத் தண்ணியில நனைச்ச விரலால ஒரு தடவை மட்டும் வழிச்சுவிடுங்க. மேல்தோல் கட்டுறதுக்கு முன்னாடியே டேப்பை உரிக்கணும். லேட்டானா ஓரம் பிஞ்சு பிஞ்சு வரும். 24 மணி நேரம் தண்ணி படக்கூடாது. மேடை மார்பிள்னா, வினிகர் வாடை அடிக்கிற ரகம் வேண்டாம், கறை பிடிக்கும். நியூட்ரல் ரகமா, பூஞ்சைத் தடுப்பு உள்ளதா வாங்குங்க.

குழாயில தண்ணி சிதறுச்சுன்னா நுனியில இருக்கிற வலையைக் கழட்டி அரை மணி நேரம் வினிகர்ல போடுங்க. குழாய் மாத்துறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க.

மூணு_பின்:

மேடைக்கு ரெண்டு பாயின்ட் கூடுதலா போடுங்க, ஆனா விளக்கு லைன்ல இருந்து இழுக்காதீங்க. 2,000 வாட் கெட்டில் ஒண்ணு 230 வோல்ட்டுல 9 ஆம்ப் கிட்ட இழுக்கும். பக்கத்துல அதே அளவு இன்னொரு சூடாக்கிற சாதனம் ஓடினா 16 ஆம்ப் தாண்டும். மெயின் பெட்டியில இருந்து தனியா 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், அதுக்குத் தனி எம்சிபி (லோடு கூடினா தானா அணையுற ஸ்விட்ச்), எர்த் கண்டிப்பா. 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா உடனே அணைக்கிற ஸ்விட்ச்) இல்லைன்னா இதோடவே போட்டுடுங்க. கைப்பிடிக்குக் கொடுக்கிற காசைக் குறைச்சாவது இதைப் பண்ணணும். வேலை லைசென்ஸ் உள்ளவர் கையில இருக்கட்டும்.

விளக்கு: ஹால், படுக்கையறைக்கு 3,000 கெல்வின் (மஞ்சள் சாயல்), சமையலறைக்கு 4,000 (வெள்ளைச் சாயல்). ஒரே அறையில ரெண்டையும் கலந்தா சுவர்ல திட்டுத் திட்டா தெரியும், புதுப் பெயின்ட்டே அழுக்கு மாதிரி இருக்கும். மேடைக்கு மேல எல்.இ.டி. ஸ்ட்ரிப் (விளக்குப் பட்டை) போட்டா அலமாரிக்கு அடியில, முன்விளிம்புக்குப் பின்னால ஒட்டுங்க. சுவரோரமா ஒட்டினா வெளிச்சம் சுவர்லயே போயிடும். பாலிஷ் போட்ட கல்மேடைன்னா எல்.இ.டி. புள்ளி புள்ளியா பிரதிபலிக்கும், பால்நிற மூடி உள்ள அலுமினியப் பட்டைக்குள்ள போடுங்க. ஸ்ட்ரிப் 24 வாட்னா அடாப்டர் குறைஞ்சது 30 வாட்.

எக்ஸாஸ்ட்: பாத்ரூம் 7க்கு 5 அடி, 8 அடி உயரம்னா கிட்டத்தட்ட 8 கன மீட்டர். மணிக்கு 10 தடவை காத்து மாறணும், அதாவது 80 கன மீட்டர் திறன். கதவுக்குக் கீழ 10 மி.மீ. இடைவெளி இல்லைன்னா ஃபேன் சும்மா சுத்தும், காத்து உள்ளே வர வழி வேணுமே. கதவைச் சாத்திட்டு டிஷ்யூ தாளை வலைக்கிட்ட வைங்க, ஒட்டிக்கிட்டு நின்னா சரி.

மாடிவீடு:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். டைல்ஸ் இடுக்குல பழைய கிரவுட் (இடுக்கை அடைக்கிற பூச்சு) மேலயே எபாக்ஸி (ரெசின் கிரவுட்) போடலாமா? பாத்ரூம் தரைக்கு ஒட்டுற வினைல் ஷீட் மலிவா கிடைக்குது, அது?

திருப்புளி:

வினைல் வேண்டாம். இணைப்பு வழியா தண்ணி இறங்கி ஓரம் சுருளும், கால் தடுக்கும்.

எபாக்ஸிக்குப் பழசை 2, 3 மி.மீ. ஆழமாவது சுரண்டணும். இல்லைன்னா மேல ஏடு மாதிரி நின்னு தட்டுத்தட்டா பெயரும். கலவை சீக்கிரம் இறுகிடும், அதனால சின்னச் சின்ன அளவா கலந்து ரெண்டு மூணு சதுர அடி முடிச்சதும் துடைச்சுக்கிட்டே போங்க. டைல் மேல படிஞ்ச ஏடு மறுநாள் காய்ஞ்சா சாதாரண சோப்புக்குப் போகாது. குளிக்கிற இடத்துக்கு மட்டும் எபாக்ஸி, மத்த இடத்துக்குச் சிமென்ட் கிரவுட்டே போதும்.

பேரேடு:

வரிசை மாறினால் செலவு இரட்டிப்பாகும்: ஈரம், பிறகு சுவர் வெட்டும் மின்வேலை, பிறகு கிரவுட், பிறகு பெயின்ட், கைப்பிடியும் சிலிக்கானும் கடைசி. அந்த ஈரச்சுவர் காய்வதற்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடிக்கும். இருக்கிறவர்கள் சம்மதித்தால் வெளிப்பக்க அடைப்பை இப்போதே முடித்துவிடுங்கள். அப்படியே அவர்களிடம் எந்த பிளக் சூடாகிறது, எந்த ஜன்னல் வழியாக மழை உள்ளே வருகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். காலி செய்து போன பிறகு அதைச் சொல்ல ஆள் இருக்காது.