கலைச்சொல் வேண்டல்: புல்தரையில் ஓவர்சீடிங்

மொழிபெயர்ப்பாளர் (ஸ்காபரோ) எழுதியது:

அவையோருக்கு வணக்கம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டு வளவில் புல்தரை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக, களைகளை நஞ்சின்றி அடக்குவதும் பழுதுபட்ட புல்தரையைச் சீர்செய்வதும் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அழகுக்காக மட்டும் புல்தரையிலும் தோட்டத்திலும் செயற்கைக் களைநாசினி தெளிப்பது 2009 ஏப்ரல் 22 முதல் இங்கே தடைசெய்யப்பட்டிருப்பதால், டாண்டிலயன், கிராப்கிராஸ் போன்ற களைகளை வரவிடாமல் செய்ய நம்மவருக்கு எஞ்சியிருக்கும் முதல் வழி, களைக்கு இடமே இல்லாதபடி புல்லை நெருக்கமாக வளர்ப்பதுதான். அதற்காக, ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிக்குள், இருக்கிற புல்லைப் பெயர்க்காமல் அதற்குள்ளேயே புதுப் புல்விதையைத் தூவும்படி மூலம் சொல்கிறது. இச்செயலுக்கு ஆங்கிலத்தில் ஓவர்சீடிங் என்று பெயர்.

என் வரைவில் ‘மேல்விதைப்பு’ என்று எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இதனினும் நல்ல சொல் உண்டெனில் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.

தமிழாசிரியர், ஓய்வு (மதுரை) எழுதியது:

அம்மையீர், வணக்கம்.

சொல்லாக்கத்துக்குள் புகுமுன் அடிப்படைச் சொல்லையே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. புல் என்னும் லகர ஈற்றுச் சொல்லின் முன் தரை வருமானால், கல்லும் தூணும் சேர்ந்து கற்றூண் ஆவது போலப் புற்றரை என்றே புணரும். புல்தரை என்று பிரித்து எழுதுவது இக்கால அச்சகங்கள் நமக்குக் கற்பித்த சோம்பல்.

இரண்டாவது, ‘மேல்’ என்னும் முன்னொட்டு. தமிழில் மேல் என்பது இடத்தை மட்டும் குறிப்பதன்று. மேற்றிசையும் மேல், இனி வருவதும் மேல், உயர்ந்தோரும் மேல். ஆங்கிலச் சொல்லின் முற்பாதியை அப்படியே பெயர்த்துவைத்துவிட்டுச் சொல் ஆக்கினோம் என்று நாம் மகிழ்வது தகாது. ‘வித்தும் இடல்வேண்டும் கொல்லோ’ என்ற வள்ளுவர் வாக்கில் வித்து இருக்கிறது. அதன் வினை வித்தல். இருக்கும் புல்லின் இடையே வித்துவதால் ‘இடைவித்தல்’ என்பதே என் முன்மொழிவு.

களை பற்றியும் ஒரு சொல். துண்டுப்பிரசுரத்தில் களை பிடுங்குதல், களை எடுத்தல், களை நீக்கல் என்று மாற்றி மாற்றி எழுதியிருப்பீர்கள் என்று அஞ்சுகிறேன். ‘பைங்கூழ் களைகட் டதனொடு நேர்’ என்னும் 550ஆம் குறளிலும், ‘எருவிடுதல் கட்டபின்’ என்னும் 1038ஆம் குறளிலும் வரும் கட்டல் களைதலையே குறிக்கிறது. திருவிழா களைகட்டியது என்று செய்தித்தாள் எழுதும் களை முகக்களையாகிய வேறு சொல். இரண்டையும் ஒன்றாக எண்ணி நகையாடுவோர் பலரைக் கண்டிருக்கிறேன். ‘களைகட்டல்’ என்ற தூய வழக்கை இப்பிரசுரத்தின் வாயிலாக மீட்கலாமே.

வேளாண் அலுவலர் (திருவாரூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆசிரியர் ஐயாவின் குறட்பாக்கள் இரண்டும் பொருத்தமானவை. ஆனால் ‘உங்கள் புற்றரையில் களைகட்டுங்கள்’ என்று அச்சிட்டால், படிக்கிறவர் வீட்டில் ஏதோ விழா என்று நினைத்துக்கொள்வார்.

வயலில் இதே செயல் நெடுங்காலமாக நடந்து வருவதால், சொல்லை அங்கே தேடலாம் என்பது என் எண்ணம். காவிரிப் படுகையில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, நெல் நின்றுகொண்டிருக்கும்போதே, மண்ணில் மெழுகுப் பதமாக ஈரம் இருக்கையில், உளுந்தையும் பச்சைப்பயற்றையும் நெற்பயிருக்குள் வீசுவார்கள். நெல்லை அறுத்த பிறகு எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் பயறு வளர்ந்துவிடும். உழவு கிடையாது, நிலத்தைப் பெயர்ப்பதும் கிடையாது. அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளையை நசுக்கத் தொடங்கிய பிறகு இம்முறை முன்போல எளிதாக இல்லை என்றாலும், செயல் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. இதனை எங்கள் பக்கத்து விவசாயிகள் ‘உளுந்து தெளித்தல்’ என்றே சொல்கிறார்கள். நின்ற பயிருக்குள் விதை போடுவதற்கு இதைவிடப் பழகிய சொல் வேண்டுமா? ‘புல்விதை தெளிப்பு’ என்றால் போதும்.

இன்னொன்று. விதை முளைக்காமல் போன இடத்தில் மறுபடி விதைத்து நிரப்புவதைப் பாடுவாசி நிரப்புதல் என்போம். புல்தரையில் ஆங்காங்கே மொட்டையாகக் கிடக்கும் இடங்களை மட்டும் சீர்செய்வதற்கு அது பொருந்தும். தரை முழுவதும் விதைப்பதற்குப் பொருந்தாது. மூலத்தில் இவ்விரண்டும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று மொழிபெயர்ப்பாளர் பார்க்க வேண்டும்.

மேல்விதைப்பு எனக்கு உடன்பாடில்லாததற்குக் காரணம் வேறு. மேலுரம் என்றால் பயிர் நின்ற பின் இடுகிற உரம், அடியுரம் என்றால் நடவுக்கு முன் இடுகிற உரம் என்று விவசாயிகளிடம் இது ஊறிப்போன இணை. மேல்விதை என்றதும் அடிவிதை எங்கே என்று கேட்பார்கள்.

புல்தரைப் பணி செய்பவர் (மார்க்கம்) எழுதியது:

வணக்கம். நான் இலக்கணம் படித்தவன் அல்லன். கோடை முழுவதும் பிறர் வீட்டுப் புல்லோடு மல்லுக்கட்டுவதே தொழில் என்பதால், கையில் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

மேல்விதைப்பு என்ற சொல்லைத் தயவுசெய்து போடாதீர்கள். ஆங்கிலச் சொல்லே செய்துவைத்திருக்கும் கெடுதி அது. ‘மேலே’ என்று கேட்டவுடன் மக்கள் ஒரு பை விதையை வாங்கிவந்து புல்லின் தலையில் கொட்டிவிட்டு, தண்ணீரும் விட்டுவிட்டு, முளைக்கவில்லை என்று கடைக்காரரை ஏசுகிறார்கள். விதை மண்ணைத் தொட வேண்டும். பட்டுப்போன தண்டும் வேரும் காய்ந்த தாளும் சேர்ந்து மண்ணுக்கும் பச்சைக்கும் நடுவே பாய்போலக் கிடக்கும் படையில் தங்கிய விதை, வேர் விட்டாலும் ஒரு வெயிலில் காய்ந்துபோகும். அதனால்தான் முதலில் புல்லைக் குட்டையாக வெட்டி, வாரியால் அந்தப் படையைக் கீறி இழுத்து, மண் இறுகியிருந்தால் இயந்திரத்தால் துளைகள் போட்டு, பிறகு விதைத்து, மெல்லிய கூட்டெருவால் மூடுகிறோம். சொல்லில் ‘உள்ளே’ என்ற கருத்து இருந்தால் பாதி வேலை மிச்சம்.

‘தெளிப்பு’ இங்கே இன்னும் மோசம் ஐயா. தெளிப்பு என்றால் எங்கள் ஆட்களுக்கு மருந்தடிப்புத்தான் நினைவுக்கு வரும். தடைசெய்யப்பட்டதைச் செய்யச் சொல்கிறதா பிரசுரம் என்று அயலவர் கேட்பார்கள். புற்றரை என்ற சொல்லை என் அம்மாவிடம் காட்டினேன். புற்றுநோய் பற்றிய கட்டுரையா என்று கேட்டார்.

சொல்லோடு சேர்த்து ஒரு எச்சரிக்கையும் அச்சில் வரட்டும். களை முளைக்காமலிருக்க வசந்தத்தில் மக்காச்சோளப் பசையத் தூள் தூவுகிறார்கள். அது முளைக்கிற எந்த விதையின் வேரையும் தடுக்கும். அதற்குக் களைவிதை எது, புல்விதை எது என்று தெரியாது. அதைத் தூவிய கையோடு புல்விதையையும் போட்டால் இரண்டு செலவும் வீண். இன்னொன்று, ரைகிராஸ் ஐந்து முதல் பத்து நாளில் முளைக்கும். கென்டக்கி புளூகிராஸ் இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். இது தெரியாமல் பத்தாம் நாளே விதை பழுது என்று முடிவுகட்டி, மறுபடி கிளறி, முளைத்துக்கொண்டிருப்பதையும் கொன்றுவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் அப்பா வளவில் புல்லுச் செருக்குவதற்கு உழவாரம் வைத்திருந்தார். அப்பர் பெருமான் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கி அகற்றிய கருவியும் அதுதான். அவருடைய கொள்கையில் ஒரு புல்லும் மிஞ்சக்கூடாது. எங்கள் தொழிலிலோ புல்லை வளர்த்துக் காசு வாங்குகிறோம். நம் மொழியில் புல்லை அகற்றுவதற்கு இத்தனை சொற்கள் இருந்தும் வளர்ப்பதற்கு ஒன்றும் அகப்படாததில் எனக்கு வியப்பில்லை.

அகராதித் தொகுப்பாளர் (சென்னை) எழுதியது:

அண்ணன் சொன்ன ‘உள்ளே’ என்ற குறிப்பைப் பிடித்துக்கொண்டு ‘ஊடுவிதைப்பு’ என்று முன்மொழிகிறேன். ஊடுருவு, ஊடுகதிர், ஊடுபயிர் என்று ‘ஊடு’ முன்னே வரும் சொற்கள் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் படிப்பவருக்குத் தடுமாற்றம் இராது. புல்தரை முழுவதையும் பெயர்த்தெறிந்துவிட்டுப் புதிதாக விதைப்பதற்கு ‘மீள்விதைப்பு’ என்று வைத்துக்கொண்டால், மூலத்தில் அடுத்தடுத்து வரும் இரு செயல்களும் குழம்பாமல் பிரிந்து நிற்கும். பாடுவாசி என்ற சொல்லை மொட்டை இடங்களுக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கனடாவில் அதை அறிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்பது ஐயமே.

தமிழாசிரியர் (மதுரை) எழுதியது:

ஊடு நல்ல தமிழ்ச்சொல்தான், மறுக்கவில்லை. நெசவில் பாவுக்குக் குறுக்கே ஓடும் இழையை ஊடை என்பர். தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே புகும் பிணக்கு ஊடல். இவையெல்லாம் இடைப்புகுதல் என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் நெடுநாளைய கருத்து. இதனை விரித்து ஒரு தனி மடல் எழுதுவேன்.

ஆயினும் இலக்கணத் தடை ஒன்று உண்டு. ஊடு என்பது இடப்பொருளில் பெயருக்குப் பின் வரும் சொல். மலரூடு, வழியூடு என்றே வரும். ஆகவே ‘புல்லூடு வித்தல்’ என்பதே நெறி. ஊடுபயிர் என்று ஒரு பிழை ஊன்றிவிட்டது என்பதற்காக இரண்டாவது பிழையையும் நாமே ஊன்ற வேண்டுமா?

அகராதித் தொகுப்பாளர் (சென்னை) எழுதியது:

ஊடுருவு என்பதையும் பிழைப்பட்டியலில் சேர்ப்பீர்களா, ஐயா?

வேளாண் அலுவலர் (திருவாரூர்) எழுதியது:

ஊடுபயிரில் எனக்கிருப்பது இலக்கணத் தடை அல்ல, பொருள் தடை. ஊடுபயிர் என்றால் தென்னைக்கு நடுவே வாழை போல, முதற்பயிரிலிருந்து வேறான ஒரு பயிர், தனி வருமானம். புல்லுக்குள் புல்லையே விதைப்பதை ஊடுவிதைப்பு என்றால், எங்கள் ஊர் விவசாயி எந்தப் பயிரை ஊடே விதைக்கிறீர்கள் என்றுதான் கேட்பார். தெளிப்பு என்பதில் மருந்தின் வாடை அடிக்கிறது என்று மார்க்கம் நண்பர் சொன்னதை ஏற்கிறேன். எங்கள் வயலிலும் இப்போது அச்சொல் மருந்துப் பக்கமே சாய்ந்துவருகிறது. அப்படியென்றால் ‘செறிவு விதைப்பு’ என்று நோக்கத்தை வைத்துப் பெயரிடலாமா? அடர்த்தி கூட்டவே இதைச் செய்கிறோம்.

புல்தரைப் பணி செய்பவர் (மார்க்கம்) எழுதியது:

செறிவு விதைப்பு என்றால் விதையை நெருக்கமாகக் கொட்டுவது என்று எடுத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே அளவுக்கு மீறித்தான் கொட்டுகிறார்கள். நெருங்கி முளைத்த நாற்று ஒன்றையொன்று நெரித்து மெலிந்து நோயில் விழும். எனக்கு ஊடுவிதைப்பு போதும். இங்கே படிக்கப்போகிறவருக்குத் தென்னையும் இல்லை, வாழையும் இல்லை. குழப்பம் எங்கிருந்து வரும்?

மொழிபெயர்ப்பாளர் (ஸ்காபரோ) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மருத்துவர் கிறீன் அவர்களுக்கு நோய்களின் பெயர்களையும் தமிழாக்க முடிந்தது, எனக்கு ஒரு பிடி புல்விதைக்கே முடியவில்லை.

இதுவரை எழுதியவர்களில் இருவர் ஊடுவிதைப்பைத் தெளிவாக ஆதரிக்கிறார்கள். வேளாண் அலுவலர் ஐயா எதிர்த்தாலும், அவருடைய மறுப்பு வயலைப் பற்றியது, வீட்டு வளவைப் பற்றியது அன்று. எனவே தலைப்பில் ஊடுவிதைப்பு என்றும், அதன் கீழ் முதல் வாக்கியத்தில் ‘இருக்கிற புல்லைப் பெயர்க்காமல், விதை மண்ணைத் தொடும்படி அதன் ஊடே விதைத்தல்’ என்றும் விளக்கி எழுதுகிறேன். முழுதும் பெயர்த்து விதைப்பது மீள்விதைப்பு ஆகிறது. மொட்டை இடங்களுக்குக் கலைச்சொல் ஏதும் வைக்காமல், வெற்றிடம் நிரப்பல் என்று வெறுமனே எழுதிவிட்டேன். புல்தரை புல்தரையாகவே இருக்கும். மக்காச்சோளத் தூள் எச்சரிக்கை கட்டம் போட்டு வருகிறது, முளைக்கும் நாட்கணக்கும் அதன் அருகிலேயே வருகிறது.

மண்ணுக்கும் பச்சைக்கும் இடையே கிடக்கும் காய்ந்த தாளடுக்கை மூலம் தாட்ச் என்கிறது. அதற்குப் ‘பழம்புல் படை’ என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

வேளாண் அலுவலர் (திருவாரூர்) எழுதியது:

உங்கள் பிரசுரத்துக்கு ஊடுவிதைப்பு இருக்கட்டும், தடை சொல்லவில்லை. சென்னை நண்பர் இதனை அகராதியில் ஏற்றுவதானால், ‘புல்தரை’ என்ற துறைக் குறிப்போடு மட்டும் ஏற்ற வேண்டும், ஊடுபயிர் என்னும் தலைச்சொல்லோடு இணைக்கக் கூடாது. நாளைக்கு ஒரு மாணவர் இவ்விரண்டையும் சேர்த்துத் தேர்வில் எழுதினால் விடைத்தாளைத் திருத்தப்போவது எங்களைப் போன்றவர்கள்.

தமிழாசிரியர் (மதுரை) எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், என் மாற்றுக்கருத்தைத் தொகுப்பில் பதிவுசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பழம்புல் படையைப் பற்றி: அந்தப் படையில் கிடப்பவை இலையைவிடத் தண்டும் வேருமே மிகுதி என்று மார்க்கம் நண்பரின் மடலிலிருந்து அறிகிறேன். அங்ஙனமாயின் புல் என்பது பொருந்தாது, தாள் என்பதே பொருந்தும். தாளுடன் படை சேருங்கால் ளகரம் டகரமாய்த் திரிந்து ‘தாட்படை’ என்றாகும். அதனைக் காலாட்படை என்று யாரும் கொள்ளமாட்டார்கள் என நம்புகிறேன்.