ஸ்பார்க் குமிழி தகட்டில் அடிக்கும் விசை: பிவிடிஎஃப் சிக்னலில் எது குமிழி, எது தகடு?

சுழல்தகடு:

தண்ணீருக்குள் ஸ்பார்க் விட்டு ஒற்றைக் குமிழி உண்டாக்கி, தகட்டுப் பக்கத்தில் அது உடையும்போது தகட்டில் விழும் அடியை அளக்க வேண்டும். செட்டப் இது: 5300 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 60 வோல்ட். 0.1 மி.மீ. செம்புக் கம்பிகள் இரண்டு குறுக்காகத் தொட்டபடி இருக்கின்றன. கேமராவில் குமிழி 4 மி.மீ. ஆரம் வரை விரிவது தெரிகிறது. கம்பிகள் தொடும் இடம் தகட்டிலிருந்து 5 மி.மீ. தகடு 5 மி.மீ. கன அக்ரிலிக். அதன் மேல் 28 மைக்ரோமீட்டர் பிவிடிஎஃப் ஃபிலிம் (அழுத்தினால் மின்னூட்டம் தரும் பிளாஸ்டிக்), எலெக்ட்ரோடு 3×3 மி.மீ. ஒரு மீட்டர் கோஆக்ஸ் கேபிள். ஆஸிலோஸ்கோப்பில் உள்ளீட்டுத் தடையாக 50 ஓம் வைத்திருக்கிறேன்.

சுமார் 0.8 மில்லி விநாடியில் குமிழி உடையும் சிக்னல் வருகிறது. ஆனால் மேலே ஒரு முனை, உடனே கீழே ஒரு முனை. அதற்குப் பின் 3.7 மைக்ரோ விநாடிக்கு ஒரு தடவை சின்னச் சின்ன மேடுகள். ஸ்பார்க் விழும் நொடியில் பெரிய ஸ்பைக். ஃபிலிமின் கேட்லாக்கில் உள்ள 33 பைகோகூலோம்/நியூட்டனை (ஒரு நியூட்டன் விசைக்கு வரும் மின்னூட்டம்) வைத்துக் கணக்குப் போட்டால் அழுத்தம் ஒன்றிரண்டு மெகாபாஸ்கல்தான். புத்தகங்களில் நூற்றுக்கணக்கில் சொல்கிறார்களே, எங்கே தவறு?

அலைமானி:

முதல்ல அந்த 50 ஓமைக் கழட்டுங்க. 28 மைக்ரான் ஃபிலிம் சதுர செ.மீ.க்கு 380 பைகோஃபாரட். உங்க எலெக்ட்ரோடு 0.09 சதுர செ.மீ., அதாவது வெறும் 34. கோஆக்ஸ் மீட்டருக்கு சுமார் 100, ஸ்கோப் 15-லிருந்து 20. மொத்தம் 150-ன்னு வச்சுக்குங்க. 50 ஓமோட சேர்ந்தா நேர மாறிலி (மின்னூட்டம் வடியற வேகத்தைச் சொல்ற நேரம்) 7.5 நானோ விநாடி. மின்னூட்டம் வந்த வேகத்துலயே வடிஞ்சுடும். நீங்க பாக்குறது விசை இல்ல, விசை மாறுற வேகம். அதனாலதான் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. 1 மெகா ஓம்ல வச்சா மாறிலி 150 மைக்ரோ விநாடி; ஓரிரு மைக்ரோ விநாடி அடிக்கு அது தாராளம். 10 நியூட்டன் அடிச்சா ஒரு வோல்ட்டுக்கு மேலயே வரும், ஆம்ப்ளிஃபையரே வேண்டாம். ஒரு மீட்டர் கேபிள்ல பிரதிபலிப்பு போய்வர 10 நானோ விநாடிதான். அதுக்கு பயந்து 50 ஓம் போட வேண்டியதில்ல.

3.7 மைக்ரோ விநாடி மேடு குமிழியோடது இல்ல. அக்ரிலிக்ல ஒலி விநாடிக்கு சுமார் 2700 மீட்டர். 5 மி.மீ. போய்த் திரும்பினா 10 மி.மீ., வகுத்துப் பாருங்க: 3.7. தகட்டோட பின்பக்கம் மோதித் திரும்புற எதிரொலி அது. அக்ரிலிக்கை விட மனசில்லன்னா 50 மி.மீ. நீளக் கட்டையா போடுங்க. முதல் எதிரொலி 37 மைக்ரோ விநாடி தள்ளி வரும், அதுக்குள்ள வேண்டியதைப் படிச்சுடலாம்.

அக்ரிலிக்ல ஒரு லாபமும் உண்டு, ஒரு நஷ்டமும் உண்டு. அதோட ஒலித்தடை (அடர்த்தியை ஒலிவேகத்தால பெருக்கினது) 3.2, ஃபிலிமோடது 3.9 மெகா ரெய்ல். ரெண்டும் கிட்டத்தட்ட சமம், அதனால ஃபிலிமுக்குள்ள அலை முன்னும் பின்னும் ஆடாது. நஷ்டம்: தண்ணீரோட ஒலித்தடை 1.48. வர்ற அலை ஸ்டீல்ல மோதினா சுவர்ல அழுத்தம் 1.94 மடங்காகும், அக்ரிலிக்ல 1.37 மடங்குதான். ஆக ஸ்டீல் தாங்குற அடியில 70 சதவீதம்தான் உங்க தகட்டுல பதிவாகும். ஸ்டீல் இம்பெல்லருக்காக (பம்ப்போட சுழல் சக்கரம்) இந்த எண்ணை எடுத்துட்டுப் போறீங்கன்னா இதைத் திருத்தாம போகாதீங்க.

சுத்தியல்தலை:

மெகாபாஸ்கல் குழப்பத்துக்கு என் பதில்: இந்த ஃபிலிம் அழுத்தத்தை அளப்பதே இல்லை. எலெக்ட்ரோடு பரப்பில் விழுந்த மொத்த விசையைத்தான் சொல்கிறது. 10 நியூட்டனை 9 சதுர மி.மீ.யால் வகுத்தால் 1.1 மெகாபாஸ்கல். அதே 10 நியூட்டன் 0.1 மி.மீ. விட்டமுள்ள புள்ளியில் விழுந்தால் 1270 மெகாபாஸ்கல். இரண்டும் ஒரே சிக்னல். அடி விழுந்த பரப்பு தெரியாமல் அழுத்தம் என்று எழுதாதீர்கள். நியூட்டன் என்று எழுதுவதே நேர்மை. பரப்பு வேண்டுமென்றால் மெருகேற்றிய தூய அலுமினியத்தை அதே தூரத்தில் வைத்து, விழும் குழியின் விட்டத்தை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்.

புத்தகத்து நூற்றுக்கணக்கு தண்ணீர்ச் சுத்தியல் (பாயும் நீர் சட்டென்று தடுக்கப்படும்போது எழும் அழுத்தம்) கணக்கிலிருந்து வருவது. அடர்த்தி, ஒலிவேகம், ஜெட் (குமிழி உடையும்போது தகட்டை நோக்கிப் பாயும் நீர்த்தாரை) வேகம் மூன்றையும் பெருக்க வேண்டும். ஜெட் விநாடிக்கு 100 மீட்டர் என்றால் 148 மெகாபாஸ்கல். அது ஜெட் நுனி தொட்ட கணத்துக்கு மட்டும். பரப்போடு நேரமும் உங்களுக்கு எதிரி: சுவரை ஒட்டி உடைந்த குமிழியின் அலை எலெக்ட்ரோடின் நடுவிலிருந்து ஓரத்துக்கு 1.5 மி.மீ. போகவே 1 மைக்ரோ விநாடி. சில பத்து நானோ விநாடி மட்டுமே நிற்கும் முனை அதில் கரைந்துவிடும். எலெக்ட்ரோடை 1 மி.மீ. ஆக்கினால் கரைவது குறையும், ஆனால் அடி வெளியே விழும் வாய்ப்பு கூடும். கம்பியை நகர்த்தி நகர்த்திப் பெரிய சிக்னல் வரும் இடத்தைத் தேட வேண்டியிருக்கும்.

கேட்லாக் 33-ஐயும் நம்ப வேண்டாம். அது பக்கவாட்டில் தாராளமாக நீளக்கூடிய ஃபிலிமுக்கு. ஒட்டிய ஃபிலிமால் அப்படி நீள முடியாது, எண் மாறிவிடும். ஒட்டிய இடத்திலேயே, அதே கேபிளோடு அளவுதிருத்தம் செய்யுங்கள். 3 மி.மீ. ஸ்டீல் பேரிங் குண்டு, எடை 0.11 கிராம். 100 மி.மீ. உயரத்திலிருந்து குழாய் வழியாக விடுங்கள். மோதும் வேகம் 1.40 மீ/வி. எழும்பும் உயரத்தைக் கேமராவில் படியுங்கள். 49 மி.மீ. என்றால் 0.98 மீ/வி. இரண்டையும் கூட்டி எடையால் பெருக்கினால் உந்தம் 262 மைக்ரோ நியூட்டன்-விநாடி. வோல்டேஜ் வளைவின் கீழ்ப்பரப்பை இதோடு சமன்படுத்துங்கள். ஃபிலிமில் பள்ளம் விழாமல் மேலே கேப்டான் டேப் (பாலிமைடு டேப்) இருக்கட்டும்.

குண்டு தொடும் நேரம் பல பத்து மைக்ரோ விநாடி இருக்கும். அதற்கு 150 மைக்ரோ விநாடி மாறிலி போதாது, வளைவின் வால் சரிந்து பரப்பு குறைந்துவிடும். 10:1 ப்ரோப் (சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கும் ஸ்கோப் முனை) வழியாக எடுங்கள்; 10 மெகா ஓம் கிடைக்கும். குமிழிக்கும் அதே ப்ரோப், இல்லையென்றால் கெப்பாசிட்டன்ஸ் மாறிவிடும்.

வேகத்தைச் சோதிக்கப் பென்சில் முனை: 0.5 மி.மீ. லெட்டை 3 மி.மீ. நீட்டி, சாய்த்து அழுத்தி ஒடியுங்கள். தகட்டை எடைத் தராசின் மேல் வைத்தால் ஒடியும் முன் காட்டிய கிராமை 0.0098-ஆல் பெருக்கியது விசை. மெல்ல அழுத்துவது ஃபிலிமில் தெரியாது, விடுபடும் படிக்கட்டு மட்டும் தெரியும். அந்தப் படி ஓரிரு மைக்ரோ விநாடியில் ஏறவில்லையென்றால் பசையில் கோளாறு.

சுழல்தகடு:

1 மெகா ஓமில் கீழ்முனை போய்விட்டது, நன்றி. இன்னும் இரண்டு. ஃபெவிகுவிக் போட்டு ஒட்டியதில் ஓரம் கிளம்புகிறது. பத்துப் பதினைந்து குமிழிக்குள் எலெக்ட்ரோடும் பொரிந்துவிடுகிறது.

அலைமானி:

ஃபெவிகுவிக் சீக்கிரம் இறுகுறதால அடியில காத்துக்குமிழி மாட்டிக்கும். நீர்மாதிரி ஓடுற எபாக்ஸி ஒரு துளி, மேல சிலிகோன் ரப்பர் துண்டு, அதுக்கு மேல ரெண்டு கிலோ எடை, ராத்திரி பூரா. ஒட்டுற முன்னாடி அக்ரிலிக்கை ஐசோபுரொப்பைல்ல துடைங்க. அசிட்டோன் வேண்டாம், மேற்பரப்பைக் கரைச்சுடும். வயரை சோல்டர் பண்ணாதீங்க, 80 டிகிரி தாண்டினாலே ஃபிலிம் கெட ஆரம்பிக்கும். சில்வர் எபாக்ஸிதான்.

பொரியுறதுக்கு 50 மைக்ரான் கேப்டான் டேப் போதும். ஆனா அது தேயுற பொருள், நாளுக்கு ஒண்ணு மாத்துங்க. மாத்தினதும் குண்டு சோதனையைத் திரும்பப் போடுங்க.

ஸ்பார்க் ஸ்பைக்குக்கு: ஃபிலிமை ரெண்டா மடிச்சு, சிக்னல் எடுக்குற பக்கம் உள்ளே வர மாதிரி ஒட்டுங்க. வெளிப்பக்கம் ரெண்டும் கிரவுண்ட், அதுவே கவசம். மின்னூட்டமும் ரெட்டிப்பாகும். ஸ்பைக்குக்கு அப்புறம் மெதுவா சரியுற அடிக்கோடு தெரிஞ்சா அது ஸ்பார்க்கோட வெளிச்சமும் சூடும். இந்த ஃபிலிம் வெப்பத்துக்கும் மின்னூட்டம் விடும். டேப்புக்கு மேல கறுப்பு பெயின்ட் அடிச்சா வெளிச்சம் உள்ள போகாதுன்னு நினைக்காதீங்க, கறுப்பு சூடாகும். அலுமினியம் பூசின டேப் நல்லது.

சுத்தியல்தலை:

தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடியபடி ஆற வைத்துப் பயன்படுத்துங்கள். கரைந்த காற்று குமிழிக்குள் சேர்ந்து மெத்தைபோல் அடியைத் தணிக்கும். ஒரே தூரத்தில் சிக்னல் அடிக்கடி மாறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று: பதிவை முதல் முனையோடு நிறுத்தாதீர்கள். உங்கள் தூர விகிதம் (தகட்டுக்கான தூரம் / குமிழியின் அதிகபட்ச ஆரம்) 5/4, அதாவது 1.25. இங்கே முதல் தடவை சுருங்கும்போதே குமிழி தகட்டை நோக்கி நகர்ந்துவிடும். மீண்டும் விரிந்து, இரண்டாம் முறை தகட்டை ஒட்டியபடி வளையமாக உடையும். இரண்டாவது அடி முதல் அடியை விடப் பெரிதாக வரலாம். பிலிப்பும் லவுட்டர்போர்னும் 1998-ல் லேசர் குமிழிகளை வைத்து வெளியிட்ட ஆய்விலும் சேதம் அதிகமாகத் தெரிந்தது இந்த விகிதம் 0.3-க்குக் கீழேயும் 1.2-க்கும் 1.4-க்கும் நடுவிலும்தான். ஸ்கோப்பை ஸ்பார்க்கில் ட்ரிகர் செய்து 2 மில்லி விநாடி வரை எடுங்கள். கேமரா விநாடிக்கு ஒரு லட்சம் ஃப்ரேம் என்றால் ஒரு படத்துக்கு 10 மைக்ரோ விநாடி. ஜெட் தொட்டதா, வளையம் உடைந்ததா என்பதைப் பிரிக்க அது போதாது. எந்தச் சுருக்கம் என்று சொல்ல மட்டும் போதும்.