அப்பத்தாவுக்கு நினைவு மலர்: வயசுக் கணக்கு, கேலிப் பேச்சு, கண்ணாடியில் ஒட்டிய படம்

பாம்பன் பேரன் (கேள்வி):
வணக்கம். எங்கள் அப்பத்தா போன சித்திரையில் தவறிவிட்டார். வருஷத் திதிக்கு 24 பக்கத்தில் நினைவு மலர் போட்டுச் சொந்தபந்தத்துக்குக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். கடல்பாசி எடுத்து, கருவாடு விற்று ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவர். ஆனாலும் ஊர் அவரை நினைப்பது அந்த வாய்க்காகத்தான். படுக்கையில் கிடந்தபோது "எப்படி இருக்கீக?" என்று கேட்டவரிடம், "எமன் வந்துட்டான் ஆத்தா. தூக்குப் பாலத்தைத் தூக்கிட்டாக, மண்டபத்துலயே நிக்கிறான்" என்றார். (மண்டபம், பாம்பன் பாலத்துக்கு அந்தக் கரையில் இருக்கிற ஊர்.) இந்தச் சிரிப்பு மலரில் வர வேண்டும்.

ஆதாரில் 01/01/1940 என்றிருக்கிறது. பெரியவர்கள் "தாது வருஷம் மாசி" என்கிறார்கள். எதைப் போடுவது? அவர் பேச்சைக் கேட்டுப் போனால் எல்லாரும் "தங்கமான மனுஷி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கல்யாணப் படமோ சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது. வழி சொல்லுங்கள்.

கச்சான் காத்து:
சனவரி 1 என்றாலே, வாயால் சொன்ன வயசை வைத்து யாரோ போட்ட தேதியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வருஷப் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாது 1936 சித்திரையில் பிறந்து 1937 பங்குனியில் முடிகிறது. மாசி என்றால் 1937 பிப்ரவரி–மார்ச். இங்கேதான் பலரும் 1936 என்று எழுதிவிடுவார்கள். தை, மாசி, பங்குனிக்கு ஆங்கில வருஷம் ஒன்று கூடிவிடும்.

யுவ, தாது, ஈஸ்வர அடுத்தடுத்து வருவதால் பெயர் மாறிச் சொல்லியிருக்கவும் கூடும். அதனால் நம் கரையில் யாரும் மறக்காத நாட்களை வைத்து ஒத்துப் பாருங்கள். அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர் 22, செவ்வாய் ராத்திரி. குரோதி வருஷம், மார்கழி. மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது 1986. பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2. "அப்ப அவுகளுக்கு என்ன வயசு?" என்று கேட்டால் பதில் வராது. "புயலன்னைக்கு இடுப்புல யாரு, வயித்துல யாரு?" என்று கேளுங்கள், உடனே வரும். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்பி இறங்காதீர்கள். பள்ளியில் சேர்க்க வயசைக் கூட்டிப் போடுவது அப்போது சாதாரணம். மூன்று பிள்ளைகளின் கணக்காவது ஒத்துவந்தால் "தாது, மாசி (1937)" என்று தைரியமாகப் போடலாம். ஆதாரைவிட ஏறக்குறைய மூன்று வயசு கூடும்.

மரிக்கொழுந்து:
பேச்சைச் சேகரிப்பதுதான் இதில் பெரிய வேலை. அதற்கே அதிக நாள் ஒதுக்குங்கள்.

"அப்பத்தாவைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் இரங்கல் கூட்டப் பேச்சுத்தான் வரும். குறிவைத்துக் கேளுங்கள்: யாருக்கு என்ன பட்டப்பேர் வைத்தார்? கருவாட்டுக்கு விலை குறைத்துக் கேட்டவரை என்ன சொல்லி அனுப்புவார்? சாப்பாட்டில் உப்புக் கூடினால் மருமகளை என்ன சொல்வார்? கூடப் பாசி எடுத்த பெண்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருத்தர் தப்பாகச் சொன்னால் மற்றவர் "அப்படியில்லடி" என்று திருத்துவார். சரியான வாசகம் அங்கேதான் கிடைக்கும். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அவர்கள் எடுத்த பாசியில் தொடங்கினால் பேச்சு தானாக அப்பத்தாவிடம் போய்விடும்.

கடற்கரையில் வைத்துப் பதியாதீர்கள், காற்று எல்லாவற்றையும் விழுங்கிவிடும். உள்ளறை, ஃபேன் நிறுத்தம், போன் விமானப் பயன்முறையில், பேசுபவரிடமிருந்து ஒரு சாண் தூரம். தரையில் வைத்தால் தட்டுகிற சத்தமெல்லாம் ஏறும். மடித்த துண்டின் மேல் வையுங்கள்.

உறவுக்காரர்கள் போனில் அப்பத்தாவின் குரலே இருக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' என்ற கோப்புறையைத் தேடுங்கள். கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கும். போன் மாற்றுவதற்கு முன் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

எழுதும்போது "சொன்னாக", "அங்கிட்டு" என்பதையெல்லாம் திருத்தவே கூடாது, திருத்தினால் அது அவர் பேச்சில்லை. ஆனால் பின்னணி ஒரு வரி கொடுங்கள். எமன் கதைக்கு இது போதும்: "1988 வரை ராமேஸ்வரம் தீவுக்கு ரயில் பாலம் மட்டுமே. கப்பல் போகத் தூக்குப் பாலத்தை ஆட்கள் கையால் திறப்பார்கள். மூடும்வரை ரயில் காத்து நிற்கும்." புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் வந்தாயிற்று. இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்த வரி இல்லாமல் அந்தச் சிரிப்பு புரியாது.

இருட்டறை:
படத்தைக் கண்ணாடியிலிருந்து உரிக்காதீர்கள். ஈரக் காற்றில் படத்தின் மேல்பூச்சு இளகி ஒட்டியிருக்கிறது; இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார்கள், வேண்டாம், கையால் வண்ணம் தீட்டிய படமென்றால் சாயம் கரையும். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, அப்படியே ஸ்கேனரில் 600 டிபிஐயில் எடுங்கள். போனில் எடுப்பதென்றால் ஃபிளாஷ் கூடாது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும், எதிரே ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தால் பிரதிபலிப்பு நிற்கும்.

பாம்பன் பேரன்:
ரொம்ப நன்றி. உயிரோடு இருப்பவர்களுக்கு அவர் வைத்த பட்டப்பேரை அச்சில் போடலாமா?

மரிக்கொழுந்து:
அவரவரிடம் வாசித்துக் காட்டுங்கள். சிரித்தால் போடுங்கள், தயங்கினால் எடுத்துவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். அச்சகத்துக்கு வேர்டு கோப்பாகக் கொடுக்காமல் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் எழுத்துரு மாறிக் கொம்பும் காலும் இடம் தப்பும். எழுத்து 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம், அப்பத்தாவின் சேக்காளிகள் கண்ணாடி போட்டு வாசிக்கப்போகிறவர்கள்.