வாசலில் நின்று வணக்கம் சொல்ல எத்தனை விநாடி?

வெண்கட்டி:
"வகுப்பறை வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்றால், வகுப்பின் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்" என்று வருங்கால ஆசிரியை ஒருவர் நேற்று இங்கே எழுதியிருக்கிறார். கொழும்பில் 31 வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். 42 பிள்ளைகள், ஆளுக்கு 5 விநாடி. மொத்தம் 210 விநாடி, அதாவது மூன்றரை நிமிடம். பாடவேளையே 40 நிமிடம்தான். கணக்கில் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

தளிர்:
அதை எழுதியவள் நான்தான், சேர். கல்வியியற் கல்லூரியில் படிக்கிறேன், இப்போது கற்பித்தற் பயிற்சியில் இருக்கிறேன். ஒரு பெயரைச் சொல்ல ஐந்து விநாடி எதற்கு? இரண்டு போதும்.

வெண்கட்டி:
இரண்டு விநாடியில் "சிவலோகநாயகி" என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளை. அவள் திருப்பி வணக்கம் சொல்ல வேண்டாமா? ஐந்து என்பதே நான் இரக்கப்பட்டுப் போட்ட கணக்கு. இன்னொன்று. நம் பாடசாலைகளில் மணி அடித்தால் இடம் மாறுவது ஆசிரியர். பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை வாசலில் நின்று வரவேற்கும் வித்தையையும் கல்லூரியில் சொல்லித் தருகிறார்களா?

தளிர்:
வகுப்பாசிரியர் காலையில் ஒருமுறை செய்தால் போதும். எட்டுப் பாடவேளைக்கும் என்று நான் எழுதவே இல்லை.

வெள்ளவத்தை அம்மா:
என் மகளை ஒரு வருடம் முழுக்க "இருபத்தேழு" என்றுதான் கூப்பிட்டார்கள். இடாப்பில் அவளுடைய இலக்கம் அது. அடுத்த வருடம் வந்த ஆசிரியை பெயர் சொல்லிக் கேள்வி கேட்டார். அதற்குப் பிறகுதான் பிள்ளை கை உயர்த்தவே தொடங்கினாள். நீங்கள் விநாடியை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்!

வெண்கட்டி:
எண்ணத்தான் வேண்டும், அம்மா. பாடத்திட்டம் முடியவில்லை என்றால் அதிபரிடம் முதலில் ஓடி வருபவர்களும் அம்மாமார்தான்.

மட்டக்குளியான்:
சேர் சொல்வது சரி. பிரம்பு இருந்த காலத்தில் எந்த வாசலிலும் எவரும் நிற்கவில்லை. வகுப்பு ஊசி விழுந்தாலும் கேட்கும்படி இருந்தது.

கடலோரம்:
பிரம்புக் காலம் முடிந்துவிட்டது, தம்பி. உடல் தண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே வந்துவிட்டது. ஆசிரியர் ஒருவர் மாணவனை அறைந்த வழக்கில், சித்திரவதையையும் கொடூரமான, இழிவான நடத்தையையும் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பும் அளித்தது. ஊசி விழும் சத்தத்தைக் கேட்டீர்கள், சரி. விளங்காத பாடத்தை மறுபடி சொல்லித் தரும்படி எத்தனை பேர் கேட்டீர்கள்?

மட்டக்குளியான்:
நான் அடிக்கச் சொன்னேனா? இருந்தது என்றுதான் சொன்னேன்.

வெண்கட்டி:
பிரம்பைப் பற்றி நான் பேசவில்லை. 210 விநாடி பற்றிப் பேசுகிறேன். கடலோரத்தார் சட்டம் படிப்பிக்க வந்துவிட்டார். போன மாதம் 101ஆம் இலக்க பஸ் பாணந்துறைக்குப் போகும் என்று சாதித்தவர் இவர்தானே? பாணந்துறைக்குப் போவது 100. மொறட்டுவைக்குப் போவது 101.

கடலோரம்:
அது தட்டச்சுப் பிழை என்று அன்றே சொல்லிவிட்டேன்.

வெண்கட்டி:
ஒரே தட்டச்சுப் பிழையை மூன்று முறை விட்டீர்கள்.

தளிர்:
இன்று காலை நேரம் பார்த்தேன், சேர். 38 பிள்ளைகள், இரண்டு நிமிடமும் சில விநாடிகளும். வகுப்பில் மூன்று டிலக்சன்கள் இருக்கிறார்கள். பெயரைச் சொன்னதும் மூவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். நான் வந்த நாள் முதல் என்னிடம் வாய் திறக்காத டிலக்சன் சிரித்துவிட்டு, "நானா டீச்சர்?" என்று கேட்டான்.

வெண்கட்டி:
நான் கேட்டது 42 பேருக்கு. நீங்கள் 38 பேருக்கு விடை தருகிறீர்கள். மூன்று டிலக்சன்களுக்கும் ஒரே வணக்கம் என்றால் அது 36 வணக்கம்தான். "சில விநாடிகள்" என்று ஒரு எண் கணிதத்தில் இல்லை. எத்தனை?

தளிர்:
ஐந்து. மொத்தம் 125 விநாடி. ஆளுக்கு மூன்றரைகூட வரவில்லை.

வெண்கட்டி:
ஆக, இரண்டு இல்லை.

தளிர்:
ஐந்தும் இல்லையே, சேர்.

மட்டக்குளியான்:
அது இருக்கட்டும். 101 எங்கிருந்து புறப்படுகிறது?

கடலோரம்:
புறக்கோட்டையிலிருந்து. சேரிடமும் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதமும் எனக்கு இதே பாடம்தான்.