அமெரிக்காவிலிருந்து வந்த டர்ன்டேபிளில் சுருதி இறங்கிக் கேட்கிறது, ஹம்மும் வருகிறது – உதவி தேவை

ராகமாலிகை, கோவை

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் தாத்தா காலத்து எல்.பி. தட்டுகள் நிறைய இருக்கின்றன. அவற்றைக் கேட்பதற்காகப் போன மாதம் பயன்படுத்திய பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள் ஒன்றை வாங்கினேன். 1970-களின் ஜப்பான் தயாரிப்பு. அமெரிக்காவில் வாங்கி, ஊர் திரும்பும்போது கொண்டு வந்ததாம். கூடவே 230 வோல்ட்டை 120 ஆக்கும் ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மரும் கொடுத்தார்கள். ஆம்ப்ளிஃபையர் எங்களிடம் ஏற்கெனவே இருந்த சான்சுய். ஃபோனோ இன்புட் உண்டு, அதில்தான் இணைத்திருக்கிறேன்.

பாட்டு கனத்துப் போய், இழுவையாகக் கேட்கிறது. அம்மா வீட்டில் பாட்டு வகுப்பு எடுப்பவர். சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டு, "இவங்க 5 கட்டை. தட்டுல 3 கட்டைல பாடறாங்க" என்றார். (கட்டை என்பது பாடகரின் ஆதார சுருதியின் அளவு.) சரி, வேகத்தை 33-இலிருந்து 45 சுற்றுக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று மாற்றினால் 6 கட்டைக்கு ஏறிவிடுகிறது.

விற்றவரைக் கேட்டேன். பெல்ட் தளர்ந்திருக்கும் என்றார். புது பெல்ட் போட்டும் ஒரு மாற்றமும் இல்லை. திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். பெட்டியோடு வந்த, வேகத்தைச் சரிபார்க்கும் ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின் மேல் வைத்து, பழைய சோக் வைத்த ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன். 33-க்கான புள்ளிகள் அப்படியே அசையாமல் நிற்கின்றன. அப்படியானால் வேகம் சரிதானே? பிறகு ஏன் சுருதி இறங்குகிறது?

இது போக, வால்யூமைக் கூட்டினால் 'ம்ம்ம்' என்று ஹம் வருகிறது. எர்த் வயரை ஆம்ப்ளிஃபையரின் ஜிஎன்டி திருகில் மாட்டித்தான் இருக்கிறேன்.

செந்தில்நாதம், ஈரோடு

மோட்டார் ஷாஃப்டிலும் தட்டு சுழலும் தண்டிலும் பழைய எண்ணெய் பசையாக இறுகியிருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். எனக்கு அதில்தான் சரியானது.

பழைய வால்வு, சென்னை

செந்தில் சொன்னது எப்போதும் செய்ய வேண்டிய வேலைதான், ஆனால் இந்தக் கோளாறு அதனால் வந்ததல்ல. ராகமாலிகை, விடையை அம்மாவே சொல்லிவிட்டார். அவருடைய காதுக்கு என் வணக்கம்.

உங்கள் டர்ன்டேபிளில் இருப்பது ஏசி சிங்க்ரனஸ் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது வோல்ட்டேஜ் அல்ல, மின்சாரத்தின் ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு எத்தனை அலை என்பது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. நான்கு துருவ மோட்டார் என்றால் அங்கே நிமிடத்துக்கு 1800 சுற்று, இங்கே 1500. ட்ரான்ஸ்ஃபார்மர் 230-ஐ 120 ஆக்கும், ஆனால் 50-ஐ 60 ஆக்காது. அதனால் தட்டு 33⅓-க்குப் பதிலாக 27.8 சுற்றுதான் சுற்றுகிறது.

இப்போது கட்டைக் கணக்கைப் பாருங்கள். 60-க்கும் 50-க்கும் உள்ள விகிதம் 6:5. சட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளியும் அதே 6:5. 5 கட்டையிலிருந்து அந்த அளவு இறங்கினால் நேராக 3 கட்டை. 45-இல் வைத்தால் இங்கே கிடைப்பது 37.5 சுற்று. அது 33⅓-ஐ விட 9:8 மடங்கு, அதாவது ஒரு சதுச்ருதி ரிஷபம் மேலே. 5 கட்டை 6 ஆகிறது. இரண்டு பக்கமும் இவ்வளவு சுத்தமாகப் பொருந்தினால் பெல்ட்டையோ எண்ணெயையோ சந்தேகிக்க இடமே இல்லை. பெல்ட் தளர்ந்து நழுவினால் சுருதி ஒரு இடத்தில் நிற்காமல் அலையும்.

ஸ்ட்ரோப் அட்டை உங்களைக் குழப்பியதில் ஆச்சரியமில்லை. அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே? ஓரத்தில் 60 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் 33 வரிசையின் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். நம் ஊருக்கான அட்டையில் 180 இருக்க வேண்டும், 60 ஹெர்ட்ஸ் அட்டையில் 216.

ராகமாலிகை, கோவை

எண்ணிப் பார்த்தேன் ஐயா, 216. மெஷினின் பின்பக்கத் தகட்டிலும் 120V 60Hz என்று போட்டிருக்கிறது. ஆனால் ஒன்று புரியவில்லை. வேகம் இவ்வளவு குறைந்திருக்கும்போது புள்ளிகள் ஓடத்தானே வேண்டும்? ஏன் நிற்கின்றன?

பழைய வால்வு, சென்னை

நம் ட்யூப்லைட் விநாடிக்கு 100 தடவை மின்னுகிறது, அங்கே 120. உங்கள் தட்டு 27.8-இல் சுற்றும்போது 216 புள்ளி வரிசையில் விநாடிக்குச் சரியாக 100 புள்ளிகள் கடந்து போகின்றன. மோட்டாரும் வெளிச்சமும் ஒரே அளவு குறைந்துவிட்டதால் புள்ளிகள் நிற்கத்தான் செய்யும். இந்த அட்டையை இங்கே நம்ப முடியாது. பழைய டர்ன்டேபிள் வாங்கப் போகும் யாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். விற்பவர் அட்டையை வைத்து, "பாருங்க, நிக்குது" என்று காட்டும்போது நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம்.

தீர்வுக்கு வருவோம். மோட்டார் ஷாஃப்டில் இரண்டு படி வைத்த சின்னப் புல்லி இருக்கும். அதை 50 ஹெர்ட்ஸுக்கானதாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இதே மாடல் ஐரோப்பாவிலும் விற்றிருந்தால் அதற்கான புல்லி தனியாகக் கிடைக்கக்கூடும். கிடைக்காவிட்டாலும் கவலை வேண்டாம், நீங்கள் இருப்பது கோவை. லேத் பட்டறைக்கு அங்கே பஞ்சமா? புல்லியையும் பெல்ட்டையும் அளந்து எழுதுங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன்.

ஹம்முக்கு ஒரு சோதனை. மோட்டாரை நிறுத்திவிட்டு, ஆம்ப்ளிஃபையரை ஃபோனோவிலேயே வைத்து, ஊசி இருக்கும் ஆர்மைக் கையால் மெதுவாக உள்ளேயும் வெளியேயும் நகர்த்துங்கள். ஊசி தட்டில் படக் கூடாது. ட்ரான்ஸ்ஃபார்மர் மட்டும் ஆனில் இருக்கட்டும். ஹம் கூடிக் குறைகிறதா?

மின்னலை, திருச்சி

புல்லி கடைய விருப்பம் இல்லையென்றால் வேறு வழியும் உண்டு. 60 ஹெர்ட்ஸ் சைன் அலை தரும் சின்ன ஆசிலேட்டர், அதற்குப் பின்னால் ஒரு 20, 30 வாட் ஆம்ப்ளிஃபையர் போர்டு, அதற்குப் பின்னால் ஒரு ட்ரான்ஸ்ஃபார்மரைத் தலைகீழாக மாட்டி 120 வோல்ட்டுக்கு ஏற்றுவது. இந்த மோட்டார் குடிப்பது சில வாட்தான். மெஷினில் கை வைக்கவே வேண்டாம். வேகத்தை இம்மி இம்மியாகக் கூட்டிக் குறைக்கவும் முடியும். கடையில் விற்கும் மலிவான ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரை மட்டும் மாட்டிவிடாதீர்கள், மோட்டார் உறுமும், அந்த உறுமல் ஊசி வழியாக ஸ்பீக்கருக்கும் வரும்.

பழைய வால்வு, சென்னை

மின்னலை சொல்வது நல்ல வழி. எலக்ட்ரானிக்ஸ் கைவந்தவருக்கு அதுதான் அழகானதும்கூட. பாட்டு கேட்க வேண்டும் என்பவருக்குப் பித்தளைப் புல்லியே போதும் என்பது என் கருத்து. ஒரு தடவை சரியாக அமைந்துவிட்டால் அதில் கெட்டுப்போக எதுவும் இல்லை.

ராகமாலிகை, கோவை

ஐயா, வெர்னியரில் அளந்தேன். 33-க்கான படி 4.0 மி.மீ., பெல்ட்டின் தடிமன் 0.6 மி.மீ. பட்டறை அண்ணா, "20 சதவீதம் பெருசு, அவ்வளவுதானே? 4.8 போட்டுடறேன்" என்கிறார். சொல்லிவிடட்டுமா?

ஆர்மைத் தட்டின் நடுப்பக்கம் கொண்டுபோனால் ஹம் நன்றாகக் கூடுகிறது. ட்ரான்ஸ்ஃபார்மர் டர்ன்டேபிளுக்கு நேர்கீழே உள்ள அலமாரித் தட்டில் இருக்கிறது.

பழைய வால்வு, சென்னை

4.8 வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். பெல்ட்டுக்கும் தடிமன் உண்டு. புல்லி விட்டத்தோடு பெல்ட் தடிமனையும் ஒரு தடவை கூட்டினால்தான் ஓடும் விட்டம் வரும். 4.0-உம் 0.6-உம் சேர்ந்து 4.6. அதை 1.2-ஆல் பெருக்கினால் 5.52. பெல்ட் தடிமனைக் கழித்தால் 4.92 மி.மீ. இதுதான் உங்கள் 33 படி. 45-க்கு 5.52-ஐ 1.35-ஆல் (45-க்கும் 33⅓-க்கும் உள்ள விகிதம்) பெருக்கி 0.6 கழியுங்கள், 6.85 வரும்.

4.8 போட்டால் தட்டு 32.6-இல் சுற்றும். சுமார் இரண்டு சதவீதக் குறைவு. பலர் கவனிக்கவே மாட்டார்கள், ஆனால் உங்கள் வீட்டில் சுருதிப் பெட்டி இருக்கிறது, அம்மா பத்து விநாடியில் கண்டுபிடித்துவிடுவார்.

பட்டறையில் இன்னும் சில விஷயங்கள் சொல்லுங்கள். பழைய புல்லியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், ஒவ்வொரு படியும் நடுவில் லேசாகப் புடைத்திருப்பது தெரியும். பெல்ட் நழுவாமல் நடுவிலேயே ஓடுவது அந்தப் புடைப்பால்தான். புதிதிலும் அது வேண்டும், நான் சொன்ன அளவு அந்தப் புடைப்பின் உச்சிக்கு. ஷாஃப்ட் துளையும் வெளிவட்டமும் ஒரே பிடிப்பில் கடையப்பட வேண்டும். வேலையை அவிழ்த்து மறுபடி சக்கில் மாட்டினால் மையம் விலகும், நீண்ட கார்வைகளில் குரல் அலையும். புல்லியை ஷாஃப்டில் இறுக்கும் கிரப் ஸ்க்ரூ இருக்கிற உயரமும் பழையது போலவே இருக்கட்டும். பழைய புல்லியைப் பத்திரமாக வையுங்கள், பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

ஹம் ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் வருகிறது. ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது வெறும் 5 மில்லிவோல்ட் அளவு. அதைத்தான் ஃபோனோ பகுதி பல மடங்கு பெருக்குகிறது. பக்கத்தில் இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தையும் சேர்த்தே பெருக்கும். வயர் எட்டுகிற வரை தள்ளி, ஒரு மீட்டருக்கு அப்பால் தரையில் வையுங்கள். ஆம்ப்ளிஃபையரையும் டர்ன்டேபிளுக்கு அடியில் வைக்காமல் பக்கவாட்டில் வைப்பது நல்லது.

இன்னொன்று. 60 ஹெர்ட்ஸுக்கான காயில் 50-இல் கூடுதல் கரண்ட் இழுக்கும், மோட்டார் சூடாகும். வோல்ட்டேஜையும் அதே விகிதத்தில் குறைத்தால், அதாவது 120-க்குப் பதில் 100 கொடுத்தால், சூடு அடங்கும். ஜப்பான் சாதனங்களுக்கென்று 100 வோல்ட் ஸ்டெப்டவுன் விற்கிறார்கள். இப்போதே அவசரமில்லை, ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் மாற்றிவிடுங்கள்.

ராகமாலிகை, கோவை

புல்லி வந்துவிட்டது. பட்டறை அண்ணா மூன்று செய்து கொடுத்து, மூன்றையும் மாட்டிப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் மட்டும் ஆட்டமே தெரியவில்லை, அதையே வைத்துக்கொண்டேன். 180 புள்ளி அட்டையை அச்செடுத்து வைத்தேன். அரை நிமிடத்துக்கு ஒரு புள்ளி நகர்கிறதா என்றே சந்தேகம். அம்மா சுருதிப் பெட்டியை 5-இல் வைத்து ஒரு பக்கம் முழுக்கக் கூடவே பாடினார்.

ட்ரான்ஸ்ஃபார்மரைத் தள்ளி வைத்ததும் ஹம் போய்விட்டது. காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்தால்தான் ஏதோ கேட்கிறது. மோட்டார் வெதுவெதுப்பாக இருக்கிறது, இருந்தாலும் 100 வோல்ட்டுக்கு மாறப் போகிறேன். உங்கள் எல்லோருக்கும் மிக்க நன்றி.

கடலோரம், காயல்பட்டினம்

நடுவில் வந்து கேட்பதற்கு மன்னிக்கவும். மாமா சவூதியில் வாங்கி வந்த ஸ்பூல் டேப் டெக் எங்கள் வீட்டில் இருக்கிறது. 220 வோல்ட் என்பதால் ட்ரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை, நேராக ப்ளக்கில் மாட்டலாம். அவர் ஜித்தாவில் பதிவு செய்த டேப்பெல்லாம் மந்தமாக ஓடுகிறது. ஆனால் நான் இங்கே புதிதாகப் பதிவு செய்து கேட்டால் சரியாக இருக்கிறது. அதனால் டேப்புகள்தான் வீணாகிவிட்டன என்று நினைத்தேன். இதுவும் அதே கதையா?

பழைய வால்வு, சென்னை

அதே கதைதான் தம்பி. டேப்புகள் நன்றாகத்தான் இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சவூதியில் 60 ஹெர்ட்ஸ். துபாய், குவைத் பக்கமெல்லாம் நம்மைப் போல 50. அங்கிருந்து வந்த செட்டுகளில் இந்தத் தொல்லை இல்லாததால் யாரும் இதைப் பற்றி யோசிப்பதில்லை. உங்கள் டெக்கில் ஏசி மோட்டார் இருந்தால் இங்கே மெதுவாக ஓடும். இங்கே பதிவு செய்து இங்கேயே கேட்கும்போது இரண்டுமே ஒரே அளவு மெதுவாக இருப்பதால் வித்தியாசம் தெரியாது. அங்கே பதிவானது மட்டும் இறங்கிக் கேட்கும்.

டர்ன்டேபிளை விட டெக்கில் உங்களுக்குக் கொஞ்சம் வசதி உண்டு. பலவற்றில் 50/60 மாற்றும் வழியைத் தயாரிப்பாளரே வைத்திருப்பார். பின்பக்கம் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து, டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் மோட்டாரின் புல்லியில் இரண்டு படி இருக்கிறதா, பெல்ட் எந்தப் படியில் ஓடுகிறது என்று பாருங்கள்.

கடலோரம், காயல்பட்டினம்

பின்னால் சுவிட்ச் இல்லை. உள்ளே இரண்டு படி இருக்கிறது அண்ணா! பெல்ட் சின்னப் படியில் இருக்கிறது. பெரியதுக்கு மாற்றிவிடலாமா?

பழைய வால்வு, சென்னை

மாற்றலாம். அதற்கு முன் மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டரைப் பாருங்கள். 50-க்கும் 60-க்கும் வேறு வேறு மதிப்பு வேண்டும் என்பதால், சில டெக்குகளில் அங்கே ஒரு வயரையும் இடம் மாற்றச் சொல்லியிருப்பார்கள். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாளில் படம் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். நான் பார்த்துச் சொல்லும் வரை மாமாவின் டேப் எதையும் அதில் ஓட்ட வேண்டாம், ஒரு வெற்று டேப்பை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள்.