5.1 ஹோம் தியேட்டரில் வசனம் கேட்கவில்லை, சண்டைச் சத்தம் மட்டும் காதைக் கிழிக்கிறது – அவசர உதவி

பாயான்பாரு_வாசி (வியாழன், இரவு 9.48)
அனைவருக்கும் வணக்கம். வீட்டில் 5.1 ஹோம் தியேட்டர் வைத்திருக்கிறேன், அதாவது இடது, நடு, வலது, பின்னால் இரண்டு என ஐந்து ஸ்பீக்கர், கனத்த பேஸ் ஒலிக்கு ஒரு சப்வூஃபர். போன வாரம் வரை நன்றாக ஓடியது. இப்போது படம் போட்டால் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. பாட்டும் சண்டையும் மட்டும் வீட்டையே அதிர வைக்கின்றன. சத்தத்தைக் கூட்டினால் பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டுகிறார்கள், குறைத்தால் ஒரு வார்த்தையும் புரியவில்லை. செட்டிங்கில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். சனிக்கிழமை ஈப்போவிலிருந்து பெரியம்மா குடும்பத்தோடு வருகிறார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

செராஸ்_ஒலி (இரவு 9.55)
என்ன மாடல்? டிவியிலிருந்து ஆம்ப்புக்கு (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டிக்கு) எச்டிஎம்ஐ கேபிளா, ஆப்டிக்கல் கேபிளா? படத்தை எதில் பார்க்கிறீர்கள்? டிஸ்கா, நெட்டா, டிவி சேனல் வரும் டிகோடர் பெட்டியா? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொல்வது?

ஜெலுத்தோங்_அண்ணன் (இரவு 10.03)
தம்பி, இது ஒயர் மாறிய கேஸ். ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் பிளஸ், மைனஸ் தலைகீழாகப் போயிருக்கும். அப்படி மாட்டினால் ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்குள் அதிரும் கூம்பு முன்னே தள்ளும்போது இன்னொரு பக்கத்துக் கூம்பு பின்னே இழுக்கும். நடுவில் நிற்க வேண்டிய குரல் கரைந்துபோகும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. எல்லாவற்றையும் ஒரு தடவை பாருங்கள்.

பழைய_ஆம்ப் (இரவு 10.20)
ஒயர் மாறினால் முதலில் பேஸ் மெலியும். அவரோ வீடு அதிர்கிறது என்கிறார். எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

பதிவிட்டவருக்கு: "எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன்" என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. எதை எதிலிருந்து எதற்கு மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். இதே கேள்வி இங்கே பலமுறை வந்திருக்கிறது, தேடிப் பார்த்திருக்கலாம். உங்களுடையதும் நம் ஊர் வழக்கப்படிதான் இருக்கும்: அடுக்குமாடி வீடு, வழவழப்பான டைல்ஸ் தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு, திரைச்சீலை கிடையாது. அப்படியொரு அறையில் வசனம் எப்படித் தெளிவாக இருக்கும்? குரல் தரையில் பட்டும் கண்ணாடியில் பட்டும் திரும்பி வந்து அதன் மேலேயே விழும். முதலில் ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் தடிமனான கம்பளம் விரியுங்கள். செட்டிங்கெல்லாம் அப்புறம்.

செந்தூல்_அக்கா (இரவு 10.31)
அறை போன வாரமும் அதே அறைதானே? போன வாரம் நன்றாகக் கேட்டது என்கிறார். தம்பி, இந்த ஒரு வாரத்தில் வீட்டில் என்ன மாறியது? ஏதாவது நகர்த்தினீர்களா, பெயின்ட் அடித்தீர்களா, கரண்ட் போய் வந்ததா?

பாயான்பாரு_வாசி (இரவு 11.10)
யமாஹா. மாடல் நம்பர் பார்க்கவில்லை, ஆம்ப் அலமாரிக்குள் இருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிள்தான். டிகோடரில் செய்தி, நாடகம் எல்லாம் நன்றாகவே கேட்கின்றன. நெட்டில் போடும் படங்களில்தான் இப்படி. புது டிவி மேசை வாங்கினோம், வேறு ஒன்றும் மாறவில்லை.

பட்டர்வொர்த்_ரிப்பேர் (இரவு 11.26)
தம்பி, நீங்கள் கடைசியில் எழுதிய இரண்டு விஷயமும் போதும். முக்கால்வாசி விடை அதிலேயே இருக்கிறது.

செய்தியின் ஒலி இரண்டு சேனலில், அதாவது இடது, வலது என இரண்டு தனி ஒலித் தடங்களாக வருகிறது. வாசிப்பவரின் குரல் இடது ஸ்பீக்கரிலும் வலதிலும் சம அளவில் ஏறியிருக்கும், அதனால் நடு ஸ்பீக்கர் வேலை செய்யாவிட்டாலும் கேட்கும். நெட்டில் வரும் படம் 5.1. அதில் வசனத்தில் பெரும்பகுதியை நடு ஸ்பீக்கருக்கு மட்டும் கொடுத்திருப்பார்கள். இசையும் அறை எதிரொலியும்தான் பக்கத்து ஸ்பீக்கர்களுக்குப் போகும். உங்களுக்குக் கிணற்றுச் சத்தம்போல் கேட்பது அந்த எதிரொலிதான், வசனமே இல்லை. நடு ஸ்பீக்கர் ஊமையாகக் கிடக்கிறது என்பது என் கணிப்பு. புது மேசைக்கு மாற்றும்போது அதன் ஒயரை யாரோ இழுத்திருப்பார்கள்.

செட்டிங்கைத் தொடாதீர்கள். ஆம்ப் மெனுவில் ஸ்பீக்கர் பகுதிக்குள் டெஸ்ட் டோன் இருக்கும், அதைப் போடுங்கள். உஸ்ஸ்ஸ் என்ற இரைச்சல் ஒவ்வொரு ஸ்பீக்கராக மாறி மாறி வரும். நடு ஸ்பீக்கரின் முறை வரும்போது காதை அதன் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

அம்பாங்_ராகம் (வெள்ளி, காலை 7.40)
இவ்வளவு எதற்கு? யமாஹாவோடு ஒரு மைக் வந்திருக்குமே. அதை சோபாவில் காது உயரத்தில் வைத்து ஆட்டோ செட்டப்பை ஓடவிட்டால் தூரம், சத்தம் எல்லாவற்றையும் தானே சரிசெய்துவிடும். மேசை மாறியதால் தூரக் கணக்கு தவறியிருக்கும்.

பழைய_ஆம்ப் (காலை 8.15)
தூரக் கணக்கு தவறினால் வசனம் காணாமல் போகாது. ஒலி ஒரு விநாடிக்கு 343 மீட்டர் போகிறது. மேசை ஒரு முழம் நகர்ந்தால் ஒன்றரை மில்லி விநாடிகூட மாறாது. அடிப்படைக் கணக்கு தெரியாமல் ஆலோசனை சொல்லாதீர்கள்.

பட்டர்வொர்த்_ரிப்பேர் (காலை 8.50)
அம்பாங்காரரே, தயவுசெய்து அதை மட்டும் இப்போது செய்யச் சொல்லாதீர்கள். நடு ஸ்பீக்கர் செத்திருக்கும்போது மைக் வைத்தால், ஆம்ப் அதைத் தேடும், கிடைக்காது. "நடு ஸ்பீக்கர் இல்லை" என்று தானே எழுதிக்கொள்ளும். பிறகு வசனத்தை இடது, வலது ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும். பிரச்சினை தீர்ந்துவிட்டதுபோல் தோன்றும், ஆனால் ஒயர் கழன்றபடியே கிடக்கும். நான் பார்த்த வீடுகளில் இப்படி நடு ஸ்பீக்கரை அலங்காரப் பொருளாகவே வைத்திருப்பவர்கள் உண்டு. ஒயரைச் சரிபார்த்து டெஸ்ட் டோன் கேட்ட பிறகுதான் மைக்.

செராஸ்_ஒலி (காலை 9.05)
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாளைக்கே விருந்தாளிகள் வருகிறார்கள். ஸ்பீக்கரே பழுது என்றால் அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. டிவியின் ஒலி வெளியீட்டை பிசிஎம் (சுருக்காத சாதாரண ஒலி) என்று மாற்றுங்கள். எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை ஆம்ப்புக்குத் திருப்பி அனுப்பும் இணைப்பு) வழியாகப் போனால், பெரும்பாலான டிவிகள் படத்தை இரண்டு சேனலாகக் குறைத்து அனுப்பும். ஆம்ப்பில் ஸ்ட்ரெய்ட் மோடை வையுங்கள், வருகிற ஒலியை மாற்றாமல் அப்படியே கொடுக்கும். பெரியம்மா வசனத்தையாவது கேட்பார். சரவுண்ட் இருக்காது.

செந்தூல்_அக்கா (காலை 9.30)
பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. நானும் பிளாட்டில்தான் இருக்கிறேன். சப்வூஃபரைத் தரையிலிருந்து தூக்கித் தடித்த ரப்பர் பாய் மேல் வைத்தேன், கீழ்வீட்டுப் புகார் நின்றது.

பழைய_ஆம்ப் (காலை 9.52)
ரப்பர் பாய் பெட்டியின் அதிர்வைத்தான் தடுக்கும். காற்று வழியாகப் போகும் பேஸை அது ஒன்றும் செய்யாது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். பிளாட் சுவர் அதற்கு ஒரு தடையே இல்லை. சப்பின் அளவைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

செந்தூல்_அக்கா (காலை 10.04)
கீழ்வீட்டுப் பாட்டி என்னிடம் நேரில் வந்து நன்றி சொன்னார். அலையின் நீளத்தை நான் அளக்கவில்லை, அவர் நிம்மதியாகத் தூங்குகிறாரா என்று பார்த்தேன்.

ஜெலுத்தோங்_அண்ணன் (காலை 10.11)
இரண்டும் உண்மைதானே லா. தரை வழியாகவும் போகும், காற்று வழியாகவும் போகும். அக்கா வீட்டில் தரை வழிதான் அதிகம் போயிருக்கும்.

அம்பாங்_ராகம் (காலை 10.25)
இரவில் ஆம்ப்பில் டிஆர்சி என்ற செட்டிங்கைப் போட்டால் போதுமே. உரத்த சத்தத்தை அமுக்கும், மெல்லிய சத்தத்தைத் தூக்கும். பிளாட்காரர்களுக்கு அதுதான் வரம்.

பழைய_ஆம்ப் (காலை 10.40)
அதைப் போட்டால் படத்தின் உயிரே போய்விடும். சினிமா ஒலிக்கலவைக் கூடத்தில் முன் ஸ்பீக்கர் ஒவ்வொன்றையும் 85 டெசிபெலுக்கு அளந்து வைக்கிறார்கள், அதற்கு மேல் இன்னும் 20 டெசிபெல் ஏற இடம் விடுகிறார்கள். கிசுகிசுப்புக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவில் அத்தனை இடைவெளி வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு உழைக்கிறார்கள். ஒரு பட்டனை அழுத்தி அதைத் தட்டையாக்குவது அந்த உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை.

செந்தூல்_அக்கா (காலை 10.58)
85 டெசிபெலில் பிளாட்டில் யார் படம் பார்க்கிறார்கள்? பிள்ளை உள்ளே தூங்கும்போது பார்க்கிறோம். வசனம் புரியாமல் படம் பார்ப்பதும் அவர்கள் உழைப்புக்கு மரியாதை இல்லைதான்.

பட்டர்வொர்த்_ரிப்பேர் (காலை 11.15)
இந்தப் பேச்சுக்குத் தனி இழை திறக்கலாம். இங்கே தம்பிக்கு வேலை ஆகட்டும்.

பாயான் பாரு தம்பி, டெஸ்ட் டோனில் நடு ஸ்பீக்கர் வரவில்லை என்றால் ஆம்ப்பை அணைத்து, பிளக்கையும் பிடுங்குங்கள். ஒயரை ஆம்ப் பக்கமும் பாருங்கள், ஸ்பீக்கர் பக்கமும் பாருங்கள். ஸ்பிரிங் கிளிப் வகையாக இருந்தால் நன்றாகக் குனிந்து பாருங்கள். ஒயரைப் பிடித்திருக்கும், ஆனால் செம்பைப் பிடிக்காமல் மேலே உள்ள பிளாஸ்டிக் உறையைப் பிடித்திருக்கும். இழுத்தால் வராது, அதனால் சரியாக இருப்பதாக நினைத்துவிடுவோம். இன்னொன்று, பினாங்கில் கடல் காற்று. செம்பு நுனி கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, உறையை அரை அங்குலம் உரித்து, இழைகளை இறுக்கமாக முறுக்கி மாட்டுங்கள். ஒரு இழைகூடப் பக்கத்துத் துளையைத் தொடக் கூடாது. தொட்டால் ஷார்ட் ஆகும், ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

ஒயர் சரியாக இருந்தும் சத்தம் வரவில்லை என்றால், ஆம்ப்பிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் ஒயர் நுனிகளில் சட்டென்று தொட்டு எடுங்கள். 'டொப்' என்று கேட்டால் ஸ்பீக்கர் உயிரோடுதான் இருக்கிறது. பேட்டரி பிளஸ் ஸ்பீக்கர் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும். ஜெலுத்தோங் அண்ணன் சொன்ன சந்தேகமும் அதிலேயே தீர்ந்துவிடும்.

ஜெலுத்தோங்_அண்ணன் (காலை 11.32)
அந்த பேட்டரி வைத்தியம் எங்கள் அப்பா காலத்திலிருந்து செய்வது. மாலையில் நான் பாயான் பாரு பக்கம்தான் வருவேன் தம்பி, ஆள் வேண்டுமானால் தனி மடலில் சொல்லுங்கள்.

செராஸ்_ஒலி (மாலை 6.20)
என்ன ஆயிற்று?

செந்தூல்_அக்கா (இரவு 8.05)
தம்பி, விருந்து சமையலில் மாட்டிக்கொண்டீர்களா? ஒரு வரி எழுதுங்கள், எல்லோரும் காத்திருக்கிறோம்.

பாயான்பாரு_வாசி (சனி, காலை 9.17)
வந்துவிட்டது. டெஸ்ட் டோனில் நடு ஸ்பீக்கர் மட்டும் வரவில்லை. ஸ்பீக்கர் பக்கத்து கிளிப், பிளாஸ்டிக்கைத்தான் பிடித்திருந்தது. உரித்து மாட்டினேன். எல்லோருக்கும் நன்றி. பெரியம்மா வந்துவிட்டார், அப்புறம் எழுதுகிறேன்.

பட்டர்வொர்த்_ரிப்பேர் (காலை 9.40)
சந்தோஷம் தம்பி. விருந்தெல்லாம் முடிந்த பிறகு ஆட்டோ செட்டப்பை ஓடவிடுங்கள், முன்பு மாற்றிய செட்டிங்கெல்லாம் ஒழுங்குக்கு வரும். ஃபேன், ஏர்கான் இரண்டையும் நிறுத்திவிட்டு மைக் வையுங்கள். பெரியம்மாவுக்கு இன்னும் போதவில்லை என்றால் மெனுவில் டயலாக் லெவல் இருக்கிறதா என்று பார்த்து ஒரு படி கூட்டுங்கள். இல்லாவிட்டால் நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் 2 டெசிபெல் ஏற்றுங்கள். மொத்தச் சத்தத்தை ஏற்ற வேண்டாம்.

பழைய_ஆம்ப் (காலை 10.02)
2 போதாது, 3 வையுங்கள். கம்பளம் பற்றி நான் சொன்னதையும் மறந்துவிடாதீர்கள். டைல்ஸ் தரையில் வித்தியாசம் நிச்சயம் தெரியும்.