ரேக் டியூப் ப்ரீஆம்ப்: ஹெட்போனில் இனிக்கிறது, மேடையில் இரைகிறது

ராயபுரம் கம்பி:

அனைவருக்கும் வணக்கம். கோவில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று மாதத்திற்கு நான்கைந்து மேடை ஏறும் மெல்லிசைக் குழு ஒன்றில் கிடார் வாசிக்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன்பு, கப்பல் வேலையிலிருந்து ஓய்வுபெற்று வந்த ஒருவரிடமிருந்து மார்ஷல் ஜேஎம்பி-1 ரேக் ப்ரீஆம்ப் (கிடாரின் ஒலியைப் பெருக்கி வடிவமைக்கும், சட்டகத்தில் பொருத்தும் பெட்டி) ஒன்றை வாங்கினேன். 1992-இல் வெளிவந்த மாடல் என்றாலும் என் கைக்கு வந்த பெட்டி ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. உள்ளே இரண்டு ஈசிசி83 டியூப்கள் (கண்ணாடி வால்வுகள்), நூறு பிரீசெட்கள் (சேமித்து வைக்கும் ஒலியமைப்புகள்), கரகரப்பு தரும் இரண்டு ஓவர்டிரைவ் சேனல்கள், கரகரப்பில்லாத இரண்டு கிளீன் சேனல்கள்.

வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, ஒரு சிறிய மிக்சரில் இணைத்து, ஹெட்போனில் கேட்டுக் கேட்டு ஓடி1 (முதல் ஓவர்டிரைவ்) சேனலில் ஓர் ஒலியை அமைத்தேன். கெயின் (கரகரப்பின் அளவு) 17, பாஸ் (தாழ் ஒலி) +5, மிட் (நடு ஒலி) -4, ட்ரெபிள் (உயர் ஒலி) +4, பிரசன்ஸ் (அதற்கும் மேலான கூர்மை) +5. சிறுவயதில் கேசட்டில் கேட்டு ஏங்கிய ஒலி அப்படியே காதுக்குள் வந்து உட்கார்ந்தது. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

சென்ற வாரம் காசிமேட்டில் ஓர் அம்மன் கோவில் திருவிழா மேடையில் அதே பிரீசெட்டை அழுத்தினேன். தேன்கூட்டில் கல்லெறிந்தது போல இருந்தது. கோர்டு வாசித்தால் அது எந்தக் கோர்டு என்று எனக்கே தெரியவில்லை. லீட் (தனியாக வாசிக்கும் மெட்டு) வாசித்தால் கீபோர்டுக்கும் பேஸ் கிடாருக்கும் நடுவே காணாமல் போனது. வாசிக்காத நேரத்தில் ஓர் உறுமல் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் கீபோர்டு அண்ணன், மைக் திறந்திருப்பதை மறந்து, "தம்பி, மர வாடியில ரம்பம் ஓடுற மாதிரி இருக்கு, கொஞ்சம் நிறுத்து" என்று சொல்லிவிட, ஊரே சிரித்தது.

ரிச்சி தெருவில் விசாரித்தபோது, இரண்டு டியூப்களையும் மாற்றினால் தீர்ந்துவிடும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். மாற்றலாமா? இல்லை, நான் அமைத்த எண்களில்தான் தவறா?

பெரம்பூர் வால்வு:

தம்பி, டியூபுக்குப் பணத்தைக் கொட்டுவதற்கு முன்பு ஒன்றைச் சொல்லுங்கள். அந்தப் பெட்டியின் பின்பக்கம் இரண்டு ஜோடி வெளியீட்டு ஜாக்குகள் இருக்கும். ஒரு ஜோடி மாஸ்டர். இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் எமுலேஷன். வீட்டில் எதில் செருகினீர்கள், மேடையில் எதில் செருகினார்கள்?

ராயபுரம் கம்பி:

அண்ணன், நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன். வீட்டில் எமுலேஷன் ஜாக்கில் இருக்கிறது. விற்றவர் அப்படியே செருகிக் காட்டினார், நானும் அதை மாற்றவில்லை. மேடையில் சவுண்ட் சர்வீஸ் தம்பி இருட்டில் கையை விட்டுச் செருகினார். கழற்றும்போது அது மாஸ்டர் ஜாக்கில் இருந்தது நன்றாக நினைவிருக்கிறது.

பெரம்பூர் வால்வு:

அப்படியென்றால் ரம்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. ப்ரீஆம்ப் என்பது பாதி ஆம்ப்ளிஃபயர்தான் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிடார் ஆம்ப் என்று நாம் கேட்டுப் பழகிய ஒலியில், ப்ரீஆம்ப் செய்வது ஒரு பங்கு, பவர் ஆம்ப் செய்வது ஒரு பங்கு, கடைசியில் அந்த 12 அங்குல ஸ்பீக்கர் செய்வது மிகப் பெரிய பங்கு. கிடார் ஸ்பீக்கர் எல்லா ஒலியையும் உள்ளபடி தரும் ஸ்பீக்கர் அல்ல. ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அதன் குரல் மளமளவென்று இறங்கிவிடும். டியூபைக் கெயினில் அழுத்தும்போது, நீங்கள் வாசித்த சுரத்தின் மடங்குகளாக மேல் ஹார்மோனிக்குகள் வரிசையாகப் பிறக்கின்றன, அவற்றில் மேலே கிடக்கும் கரகரப்பையெல்லாம் அந்தக் காகிதக் கூம்பு வடிகட்டி விடுகிறது, மிச்சத்தைத்தான் நாம் 'டியூப் ஒலி' என்று கொண்டாடுகிறோம். மேடையில் நிற்கும் பாக்ஸிலோ மேலே உயர் ஒலிக்கென்று ஒரு ஹார்ன் இருக்கிறது. அது 15,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கூசாமல் கொடுக்கும். மாஸ்டர் ஜாக்கிலிருந்து நேரே அங்கே போனால், வடிகட்டாத காபித் தூளை டம்ளரில் ஊற்றியது போலத்தான்.

எமுலேஷன் ஜாக் அந்த வடிகட்டியை மின்சுற்றிலேயே வைத்திருக்கிறது. மிக்சருக்குப் போவதென்றால் எப்போதும் அது. தனியாகப் பவர் ஆம்பும் கிடார் கேபினட்டும் வைத்தால் மாஸ்டர். இரண்டையும் குழப்பினால், நான்கு இலக்க விலையில் டியூப் வாங்கிப் போட்டாலும் ஒலி திருந்தாது.

இருந்தாலும், என்னைக் கேட்டால் நீங்கள் ஒரு பவர் ஆம்பும், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று வைத்த கேபினட்டும் சேர்த்துவிடுவதே நல்லது. முதுகுக்குப் பின்னால் காற்று தள்ளினால்தான் விரல் வேறு மாதிரி வாசிக்கும். பெரம்பூர் ரயில்வே குடியிருப்பு நடன நிகழ்ச்சிகளில் வாசித்துப் பழகிய எனக்கு, ஹெட்போனில் ஒலி அமைப்பது என்பதே சமைக்காமல் உப்பு பார்ப்பது போலத் தோன்றுகிறது.

திருவொற்றியூர் ஃபேடர்:

அண்ணன் சொன்ன எமுலேஷன் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. கேபினட் விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். நான் மிக்சருக்குப் பின்னால் நிற்பவன். பத்தடி ஆழ மேடையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கேபினட் முழங்கினால், அது பாடகரின் மைக்கில் புகுந்து, அவர் குரலைத் தூக்கும்போதெல்லாம் கிடாரும் கூடவே எழும். அதோடு அந்தக் கேபினட்டையும் ரேக்கையும் சேர்த்து எந்த ஆட்டோவில் ஏற்றுவது? தம்பி எமுலேஷனிலேயே இருக்கட்டும்.

உறுமலுக்கு வருகிறேன். ஸ்டேஜ் பாக்ஸில் (மேடையிலிருந்து மிக்சருக்குப் போகும் இணைப்புப் பெட்டி) உள்ள மூன்று பின் எக்ஸ்எல்ஆர் சாக்கெட் மைக்குக்கானது. மைக் தருவது மிகச் சிறிய மின் அளவு. உங்கள் ப்ரீஆம்ப் தருவது லைன் அளவு, அதைவிடப் பல மடங்கு பெரியது. ஒரு மாற்று கேபிளைப் போட்டு நேரே செருகினால் மிக்சரின் வாசலிலேயே ஒலி நசுங்கும், அந்த நசுங்கலும் டியூப் நசுங்கலும் சேர்ந்து இரட்டைக் கரகரப்பாகிவிடும். இது போதாதென்று, பேலன்ஸ் இல்லாத (உள்ளே ஒரே ஒலிக் கம்பியும் சுற்றி ஒரு வெளிவலையும் மட்டும் உள்ள) கேபிள் முப்பது மீட்டர் ஓடுகிறது. ரேக்குக்கு மேடை ஓரத்து எக்ஸ்டென்ஷனிலிருந்து மின்சாரம், மிக்சருக்கு வேறு இணைப்பிலிருந்து மின்சாரம். இரண்டு எர்த்துகளுக்கும் இடையே சிறு வேறுபாடு இருந்தாலே, கேபிளின் வெளிவலை வழியாக மின்னோட்டம் சுற்றத் தொடங்கி, 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் உறுமலாகக் கேட்கும்.

இதற்கு மருந்து டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஒரு பேசிவ் டிஐ பாக்ஸ், அதாவது இத்தகைய ஒலியை மைக் சாக்கெட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும், தனி மின்சாரம் வேண்டாத சிறு பெட்டி. அதிலுள்ள 20 டெசிபல் பேட் சுவிட்சைப் போட்டால் அளவு இறங்கும். கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போட்டால் ஒலிப் பாதையில் மட்டும் எர்த் பிரியும். சவுண்ட் சர்வீஸிடம் இருக்கும் என்று நம்பாதீர்கள். சொந்தமாக ஒன்று வாங்கி ரேக்குக்குள்ளேயே திருகிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உறுமல் போகிறது என்று ரேக்கின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைக்கும் வழக்கம் நம் பக்கத்து மேடைகளில் இருக்கிறது. செய்யாதீர்கள். உள்ளே டியூபுக்கான உயர் மின்னழுத்தம் இருக்கும் பெட்டி அது. உங்கள் விரல் கம்பியில் இருக்கிறது, உதடு மைக்கில் இருக்கிறது.

ஒலியமைப்பில் என் பங்குக்கு, மிக்சரில் கிடார் சேனலுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லிக் கேளுங்கள். கிடாரின் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ். அதன் அடித்தளத்தைக் கொஞ்சம் இழந்தாலும் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் 41 ஹெர்ட்ஸில் தொடங்கும் பேஸ் கிடார் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் +5 பாஸ் வைத்து அவரோடு இடத்திற்குச் சண்டை போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வியாசை சிங்கிள்காயில்:

ஜாக் பிரச்சினை தீர்ந்தாலும் தம்பியின் எண்களும் மேடைக்கு ஒத்துவராது என்பது என் எண்ணம். நானும் இதே குழியில் விழுந்தவன்.

இரவில் மெதுவாகக் கேட்டு அமைத்ததுதான் முதல் காரணம். குறைந்த ஒலியில் நம் காது தாழ் சுரங்களையும் மிக உயர்ந்த சுரங்களையும் குறைவாகவே கேட்கும்; பிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து வளைகோடுகளாக வரைந்து வைத்திருக்கிறார்கள். அதனால் படுக்கையறையில் பாஸையும் பிரசன்ஸையும் கூட்டி, மிட்டைக் குறைத்தால் ஒலி முழுமையாகத் தோன்றும். மேடையில் சத்தம் ஏறியதும் காதின் அந்தக் குறை மறைந்துவிடுகிறது, நாம் கூட்டி வைத்தது மட்டும் மிஞ்சுகிறது. கிடாரின் உயிர் மிட்டில் இருக்கிறது. அதை -4-க்கு இறக்கிவிட்டு, லீட் கேட்கவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

இந்தப் பெட்டியில் பாஸ், மிட், ட்ரெபிள், பிரசன்ஸ் நான்குக்கும் 0 என்பது நடுப்புள்ளி. பழைய குமிழ் ஆம்ப்களில் 0 என்றால் முழுதும் இறக்கியது என்று பழகியவர்கள், இங்கே 0-ஐப் பார்த்ததும் ஏதோ குறைகிறதே என்று கூட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த நான்கையும் 0-இல் வைத்து, குழு முழுதாக வாசிக்கும்போது, ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது கெயின். டிஸ்டார்ஷனில் இரண்டு சுரங்கள் சேர்ந்தால் அவற்றின் வேறுபாடு மூன்றாவது சுரமாகப் பிறக்கும். ஆறாவது கம்பியின் ஈ 82.4 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாம் சுரமான பி 123.5 ஹெர்ட்ஸ், வேறுபாடு 41.1, அதாவது அதே ஈ ஒரு ஸ்தாயி கீழே. அதனால்தான் பவர் கோர்டு (அடிச் சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் மட்டும் உள்ள கோர்டு) கம்பீரமாக இருக்கிறது. அந்த ஈயோடு மேஜர் மூன்றாம் சுரத்தைச் சேருங்கள்: அது 103.8, வேறுபாடு 21.4, எந்த ஈயோடும் சரியாகப் பொருந்தாத ஒரு தடுமாற்றம். இப்படி ஆறு கம்பிகளும் ஒன்றோடொன்று மோதினால் என்ன கேட்கும் என்று உங்கள் கீபோர்டு அண்ணன் ஏற்கெனவே மைக்கில் சொல்லிவிட்டார். நம் மெல்லிசைப் பாடல்களில் ஏழாம் சுரம், ஒன்பதாம் சுரம் வைத்த கோர்டுகள் அடிக்கடி வரும். அவற்றுக்குக் கெயின் 17 கட்டுப்படியாகாது. 9-க்கோ 10-க்கோ இறக்கி, லீட் வரும் இடத்தில் மட்டும் முன்னால் ஒரு டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடலை மிதியுங்கள். அதில் டிரைவ் குமிழைக் கீழேயும் லெவல் குமிழை மேலேயும் வையுங்கள். அந்த வகைச் சுற்று ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைவாகவே பெருக்குகிறது. டியூபுக்குள் பாஸ் குறைவாகப் போவதால் ஒலி இறுகி நிற்கும். நசுங்குவதற்கு முன்பு பாஸைக் குறைப்பதும் நசுங்கிய பிறகு குறைப்பதும் ஒன்றல்ல என்பதை ஒரு நாள் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

டியூபை இப்போது மாற்ற வேண்டாம். ஈசிசி83-உம் 12ஏஎக்ஸ்7-உம் ஒன்றுதான். அதன் பெருக்கம் 100. கெயின் அதிகம் என்று தோன்றினால் பெருக்கம் 70 உள்ள 5751 டியூபைப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு, ஆனால் குமிழைத் திருப்புவதற்குக் காசு கிடையாதே.

ராயபுரம் கம்பி:

மூவருக்கும் நன்றி. நேற்று தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. எமுலேஷன் ஜாக்கிலிருந்து, இரவல் வாங்கிய டிஐ பாக்ஸ் வழியாக, பேட் போட்டு அனுப்பினோம். கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிய நொடியில் உறுமல் நின்றது. டிரம்ஸ் வாசிப்பவர் மின்சாரம் போய்விட்டதோ என்று தலையைத் தூக்கிப் பார்த்தார்.

ஃபேடர் அண்ணன் சொன்னபடி மிக்சரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினோம். அந்த நான்கையும் 0-இல் வைத்து, குழு வாசிக்க வாசிக்கத் திருப்பியதில் வந்து நின்ற எண்கள்: கெயின் 10, பாஸ் -1, மிட் +3, ட்ரெபிள் +1, பிரசன்ஸ் 0. தனியாக வாசித்தால் மூக்கடைத்த குரல் போல இருக்கிறது, பிடிக்கவில்லை. குழுவோடு சேர்ந்தால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறது. கீபோர்டு அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததே பெரிது.

ஒரு குறை மிச்சமிருக்கிறது. அரை மணி நேரத்திற்கு ஒருமுறை ஒலி திடீரென்று பாதியாகி, பெட்டியைத் தட்டினால் திரும்புகிறது. இது டியூப்தானே?

பெரம்பூர் வால்வு:

டியூப் மேல் உங்களுக்கு என்ன கோபம், தம்பி? எஃபெக்ட் லூப் (எக்கோ போன்ற வெளிப் பெட்டிகளை இணைக்கும் செண்ட், ரிட்டர்ன் ஜாக்குகள்) பயன்படுத்துகிறீர்களா? இல்லையென்றால் செண்ட் ஜாக்கிலிருந்து ரிட்டர்ன் ஜாக்குக்கு ஒரு குட்டைக் கேபிளைப் போட்டுப் பாருங்கள். லூப் காலியாக இருக்கும்போது, ஜாக்குக்குள் இருக்கும் ஒரு சிறு தகட்டுத் தொடர்பு வழியாகத்தான் ஒலி கடக்கும் என்பது இத்தகைய பெட்டிகள் பலவற்றின் அமைப்பு. நம் கடற்கரை உப்புக் காற்றில் அந்தத் தகடு கறுத்துவிடும். ராயபுரத்தில் சைக்கிள் மணியே ஆறு மாதத்தில் துருப்பிடிக்கிறது. கேபிள் போட்டதும் சரியானால், கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கை இருபது முறை செருகி எடுங்கள். மூடியை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்கள் அடிக்கும்.

இன்னொன்று, அந்த எண்களை ஒரு தாளில் எழுதி ரேக்குக்குள் ஒட்டிவையுங்கள். பிரீசெட்களை நினைவில் வைத்திருப்பது உள்ளே இருக்கும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. அது தீர்ந்தால் எல்லாம் போய்விடும்.

ராயபுரம் கம்பி:

குட்டைக் கேபிள் போட்டுவிட்டேன் அண்ணன். இரண்டு மணி நேரம் ஓடியும் ஒலி இறங்கவில்லை. தாளும் ஒட்டியாயிற்று. மாஸ்டர் ஜாக்குகள் இரண்டின் மேலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன். இனி இருட்டில் யார் கையை விட்டாலும் அதில் பிளக் நுழையாது.